ஆப்பிரிக்க இசை, நடனம், அறிவுத்துறை எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டாடிய பெரிய விழா ஏதாவது உண்டா? இல்லை, அங்கே வெறும் மேளமும் ஆட்டமும்தானா?

கேள்வியின் முதல் பாதி நியாயமானது. இரண்டாம் பாதியில் வருகிற அந்த ‘வெறும் மேளம்’தான் என்னை எழுத உட்கார வைத்தது. ஏதோ ஆவணப்படத்தைப் பாதி பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் தவில் வாசிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். எனக்குக் கை வரவில்லை, கணக்குதான் வந்தது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கப் போய், பல வருஷம் அங்கேயே இருந்துவிட்டேன்.

சரி, பதிலுக்கு வருகிறேன். உண்டு, ஒன்றுக்கு மேலேயே உண்டு. 1966 ஏப்ரலில் செனகலின் டக்கரில் நடந்ததுதான் முதல் பெரிய விழா. நடத்தியவர் கவிஞராகவும் இருந்த ஜனாதிபதி செங்கோர். அமெரிக்காவிலிருந்து ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் தன் குழுவோடு வந்து வாசித்தார். 1969-இல் அல்ஜியர்ஸில் ஒன்று நடந்தது. எல்லாவற்றையும் தூக்கி அடித்தது 1977-இல் லாகோஸில் நடந்த ஃபெஸ்டாக், அதாவது கறுப்பின, ஆப்பிரிக்கக் கலை பண்பாட்டு உலக விழா. ஜனவரி 15 முதல் பிப்ரவரி 12 வரை, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 16,000 பேர். மிரியம் மகேபா, ஸ்டீவி வொண்டர், பிரேசிலின் கில்பர்ட்டோ கில், டிரினிடாடின் மைட்டி ஸ்பாரோ என்று பெரிய பாடகர்கள் எல்லோரும் ஒரே ஊரில். வடக்கே கடூனாவில் தனியாகத் தர்பார் என்கிற குதிரைவீரர்களின் அணிவகுப்பு வேறு. எண்ணெய்ப் பணம் கொட்டிய காலம் அது. நடுவில் ஆட்சிக் கவிழ்ப்பு, ஆட்சித் தலைவர் படுகொலை என்று விழா தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கடைசியில் அடுத்து வந்த ராணுவ ஆட்சித் தலைவர் ஒபசாஞ்சோ காலத்தில் நடந்தது.

நீங்கள் கேட்ட அறிவுத்துறை? விழாவின் பெரிய சண்டையே அதில்தான். கறுப்பின நாகரிகமும் கல்வியும் என்ற தலைப்பில் கருத்தரங்கு வைத்தார்கள். அதில் வட ஆப்பிரிக்க அரபு நாடுகளுக்கு முழு இடமா, பார்வையாளர் இடம் மட்டுமா என்று செனகலுக்கும் நைஜீரியாவுக்கும் முட்டிக்கொண்டது. வரமாட்டேன் என்று செங்கோர் மிரட்டினார். அந்தத் தகராறில் விழாவின் பொதுச்செயலாளராக இருந்த அலியூன் டியோப் பதவியையே இழந்தார். ஆப்பிரிக்க அறிவுலகத்துக்கென்று பாரிஸில் பத்திரிகையும் பதிப்பகமும் நடத்திய மனிதர் அவர். வெறும் ஆட்டம்பாட்டத்துக்கு யாராவது இவ்வளவு தூரம் மல்லுக்கட்டுவார்களா?

சின்னத்திலும் ஒரு வழக்கு இருந்தது. இன்றைய நைஜீரியாவுக்குள் இருந்த பழைய பெனின் அரசின் அரசி இடியாவின் தந்த முகமூடியைத்தான் விழாச் சின்னமாக வைத்தார்கள். 1897-இல் ஆங்கிலப் படை பெனின் அரண்மனையைச் சூறையாடியபோது போனது. இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விழாவுக்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்டும் தரவில்லை. நகல் செய்து வைத்துக்கொண்டார்கள்.

‘ராணுவ ஆட்சி மக்கள் பணத்தைக் கரைத்த விழாவைத் தூக்கிப் பிடிக்கிறாயா’ என்று யாராவது கீழே வந்து கேட்பார்கள், தெரியும். ஐயா, அதை உங்களுக்கு முன்பே நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டி சொல்லிவிட்டார். ஏற்பாட்டுக் குழுவிலிருந்து விலகி, விழா நடந்த நாட்களில் தன் இடத்தில் தனிக் கச்சேரி நடத்தினார். விழா முடிந்த அதே வாரம், பிப்ரவரி 18-இல், ராணுவம் அவர் வீட்டைக் கொளுத்தியது. மாடியிலிருந்து தூக்கி எறியப்பட்ட அவருடைய அம்மா அடுத்த வருஷம் இறந்துபோனார். இதையெல்லாம் மறைத்து எழுத எனக்கு என்ன கூலியா கொடுக்கிறார்கள்? நான் ஆராய்ச்சியாளனும் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

விருந்தினர் தங்குவதற்காகக் கட்டிய குடியிருப்பு இன்றும் ஃபெஸ்டாக் டவுன் என்ற பெயரில் இருக்கிறது. விழாவுக்குப் பிறகு அந்த வீடுகளைப் பொதுமக்களுக்குக் குலுக்கலில் கொடுத்தார்கள். எங்கள் கிடங்கு மேற்பார்வையாளரின் அப்பாவுக்கு அப்படி ஒன்று விழுந்தது. அந்தப் பெரியவர் இறந்தபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். லாகோஸ் பக்கத்து இனமான யொரூபாக்காரர்களிடம் நிறைந்த வயதில் போனவருக்குச் சாவு என்பது ஊரடைத்துக் கொட்டகை போட்டு, குடும்பம் முழுக்க ஒரே துணியில் உடை தைத்துப் போட்டுக்கொண்டு, சாப்பாடும் ஆட்டமுமாகச் செய்கிற காரியம்.

டுண்டுன் வாசிப்பவர் வந்தார். நம் உடுக்கை போல இடை சிறுத்த மேளம், ஆனால் அதைவிட நீளம். இரண்டு பக்கத் தோலையும் இணைக்கிற தோல்வார்களை அக்குளில் இடுக்கி அழுத்த அழுத்தச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். அடிக்கிற குச்சி முனையில் கொக்கி போல வளைந்திருக்கும். யொரூபா மொழியில் மேல், நடு, கீழ் என்று மூன்று குரல்நிலை உண்டு. மேளம் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே பிடிப்பதால், தெரிந்த வாக்கியமென்றால் கேட்பவருக்கு வார்த்தையாகவே விளங்கும். இறந்தவரின் வம்சப் புகழை அவர் வாசித்துக்கொண்டே போனார். திடீரென்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி கையைத் தூக்கினாள். மேளம் நின்றது. அவள் ஒரு வரி சொன்னாள். மேளக்காரர் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, மறுபடி வாசித்தார். இந்தத் தடவை கிழவி தலையாட்டினாள்.

பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“எங்கள் தாத்தா எந்த ஊர் என்பதைத் தப்பாகச் சொல்லிவிட்டான், ஓகா.” (ஓகா என்றால் அங்கே ‘ஐயா, முதலாளி’ மாதிரி.)

“யார்? யாருமே பேசவில்லையே?”

“மேளம்தான்.”

அப்புறம்தான் நைரா நோட்டுகள் வாசித்தவரின் நெற்றியில் ஒட்ட ஆரம்பித்தன. டக்கருக்கும் லாகோஸுக்கும் வந்த பேராசிரியர்கள் கட்டுரையில் எழுதியதை இந்தக் கிழவி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே செய்துவிட்டாள். ஆராய்ச்சி ஒரு மேடை, ஆட்டம் ஒரு மேடை என்று நான் அங்கே எங்கேயும் பார்க்கவில்லை.

நம் ஊரில் என்ன நடக்கிறது? கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதி சபை கேண்டீனுக்கு எழுந்து போகும். கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்கு விரல் ஆட்டுவதோடு தவிலுடைய வேலை முடிந்தது. பக்கத்திலேயே டிஜே பெட்டியை இறக்கிக்கொண்டிருப்பான். என் சித்தப்பாவை ஒரு மண்டபத்தில் ‘சத்தம் ஜாஸ்தி, பேச முடியல’ என்று வாசலுக்கு வெளியே உட்கார வைத்து, பேசிய தொகையிலும் பிடித்துக்கொண்டார்கள். பந்தியிலும் கடைசி. இவர்கள் வந்து ஆப்பிரிக்காவை ‘வெறும் மேளம்’ என்றால் எனக்குக் கோபம் வருமா வராதா? கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். இருக்கட்டும்.

நேரில் பார்க்க ஆசையிருந்தால், கானாவின் கேப் கோஸ்ட், எல்மினா பகுதியில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பனாஃபெஸ்ட் நடக்கிறது. ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கம் பார்த்துப் போங்கள். அதிலும் கருத்தரங்கு உண்டு. லாகோஸ் போனால், ஃபெஸ்டாக்குக்காகப் பல்கேரியர்கள் கட்டிக் கொடுத்த, ராணுவத் தொப்பி போன்ற நேஷனல் தியேட்டரைப் பாருங்கள். 2024-இல் அதற்கு நோபல் பரிசு பெற்ற நைஜீரிய எழுத்தாளர் வோலே ஷோயின்காவின் பெயரை வைத்துவிட்டார்கள். டாக்ஸிக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னால் போதும். எங்கே போவதானாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தருகிற மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்திலிருந்து நேராகத் தனிமை முகாம்தான்.