கடல் சாமந்தியைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. பிறந்தநாளுக்குக் கடல்மீன் தொட்டி கேட்டாள். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி, உப்பு, ஃபில்டர், விளக்கு எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கினேன். "உப்பைக் கலக்கி இரண்டு நாள் ஓடவிடுங்கள், போதும்" என்றார் கடைக்காரர். மூன்றாம் நாள் இரண்டு நிமோ மீன்களும், "இது இல்லாவிட்டால் நிமோ பிழைக்காது" என்று சொல்லி ஒரு கடல் சாமந்தியும் (பூப்போலத் தெரியும், கொட்டும் கொடுக்குகள் உள்ள கடல் பிராணி) கொடுத்தார். சாமந்திக்கு மட்டும் 4,500 ரூபாய். அது ஒரு வாரம் தொட்டி முழுக்க ஊர்ந்துகொண்டே இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் கூழாகிக் கிடந்தது, கூடமே நாறியது. மறுநாள் ஒரு மீனும் செத்துவிட்டது. இப்போது கடைக்காரர், "உங்கள் தண்ணீர் சரியில்லை. வேறொரு சாமந்தி பாதி விலைக்குத் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா? கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். பாதி விலைக்கு மட்டுமல்ல, இனாமாகக் கொடுத்தாலும் இப்போது வேண்டாம்.

பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் மிச்சமிருக்கும் மீனைக் காப்பாற்றுங்கள். சாமந்தியின் எச்சம் ஒரு துணுக்குகூட இல்லாமல் எடுத்துவிட்டு, அதே உப்பளவும் வெப்பமும் உள்ள புதிய உப்புநீரால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இன்றே மாற்றுங்கள். அம்மோனியா சோதனைப் பெட்டி ஒன்று வாங்கித் தினமும் பாருங்கள். அம்மோனியா தெரியும் நாளெல்லாம் தண்ணீரை மாற்றுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

"தண்ணீர் சரியில்லை" என்று கடைக்காரர் சொன்னது உண்மை. ஆனால் மூன்றாம் நாளில் எந்தத் தொட்டியின் தண்ணீரும் சரியாக இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் ஃபில்டரிலும் குடியேறிப் பெருக, பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். உங்களுக்கு நடந்தது, பாலுக்கு உறை ஊற்றிவிட்டு மறுநிமிடமே தயிர்சாதம் பிசைந்த கதை.

அந்த ஆறு வாரம் மீனுக்கான கணக்கு. சாமந்திக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். ஓராண்டு என்றால் இன்னும் நல்லது. புதுத் தொட்டியில் உப்பளவும் காரத்தன்மையும் வெப்பமும் தினம் ஒரு நிலையில் இருக்கும். மீன் சமாளித்துவிடும். ஓடோ செதிலோ இல்லாத சாமந்தியால் முடியாது. அது தொட்டி முழுக்க ஊர்ந்தது விளையாட்டு அல்ல. வெளிச்சமோ நீரோட்டமோ பிடிக்காவிட்டால் அது இடம் தேடி நகரும். எங்கும் பிடிக்காவிட்டால் நகர்ந்துகொண்டே இருக்கும். அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியிலிருந்து உணவு ஆக்கி அதற்குத் தருகிறது. தொட்டியோடு சேர்த்துக் கொடுத்த சாதாரண வெள்ளை எல்.இ.டி. பட்டை மீன் அழகாகத் தெரிவதற்குத்தான் பயன்படும். சாமந்திக்குப் பவளத் தொட்டிக்கென்றே செய்த விளக்கு வேண்டும்.

இனி, "இது இல்லாவிட்டால் நிமோ பிழைக்காது" என்ற வசனம். இது சுத்தப் பொய். கடலில் நிமோவுக்குச் சாமந்தி வேண்டும், ஏனென்றால் அங்கே அதைத் தின்ன வரும் பெரிய மீன்கள் உண்டு. உங்கள் கூடத்தில் அதை யார் தின்னப்போகிறார்கள்? பொரிப்பகத்தில் பிறந்த நிமோக்களில் பெரும்பாலானவை சாமந்தியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. என் வீட்டு ஜோடி நான்கு ஆண்டுகளாக ஒரு உடைந்த மண்சட்டிக்குள்தான் குடித்தனம் நடத்துகிறது. முட்டையிடுவதும் அதன் ஓட்டில்தான்.

நிமோ என்று நாம் அழைப்பது கோமாளி மீன். உலகில் கோமாளி மீன் இனங்கள் ஏறக்குறைய முப்பது. அவற்றுக்கு இடம் கொடுக்கும் சாமந்தி இனங்கள் பத்துதான். எல்லா மீனும் எல்லாச் சாமந்தியிலும் தங்காது. கடையில் நாம் வாங்கும் ஆரஞ்சு நிற ஒசெல்லாரிஸ், கடலில் மூன்று வகைப் பெருஞ்சாமந்திகளில்தான் தங்குகிறது. அவை நன்றாக வளர்ந்தால் ஒன்றரை அடி, மூன்றடி என்று விரியக்கூடியவை. உங்கள் தொட்டியின் அகலமே ஒன்றரை அடி! கடைகளில் சற்று எளிதாகக் கிடைக்கும், தாக்குப்பிடிக்கும் சாமந்தி 'பபுள் டிப்'. கொடுக்குகளின் நுனி குமிழ்போல உப்பியிருக்கும். அது ஒசெல்லாரிஸின் இயற்கை வீடு அல்ல. தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும், சில சமயம் திரும்பிக்கூடப் பார்க்காது. 4,500 ரூபாய் கொடுத்து வீடு கட்டிய பிறகு மீன் பம்புக்கு அடியில் படுத்துக்கொண்டால் வழக்குப் போட முடியாது.

நானும் ஒரு சாமந்தியைக் கொன்றவன்தான். தொட்டிக்குப் பதினொரு மாதம் ஆகியிருந்தது, தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் இருந்தது. நீரோட்ட பம்புக்கு வலை போட மறந்தேன். இரவில் நகர்ந்த சாமந்தி அதில் உறிஞ்சப்பட்டு, காலையில் தொட்டி முழுவதும் துணுக்குகளாக மிதந்தது. நாற்பது ரூபாய் ஸ்பாஞ்சுத் துண்டு அதைத் தடுத்திருக்கும்.

சென்னையில் இன்னொரு சங்கடம் வெயில். சாமந்திக்கு 25 முதல் 27 டிகிரி வரை இதம். மே மாதத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் கூடத்தில் தொட்டி சர்வசாதாரணமாக 31, 32 தொடும். 2016இல் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததும் இதே காரணத்தால்தான்: கடல் சூடானது, உடலுக்குள் இருந்த நுண்பாசி வெளியேறியது. தொட்டிச் சாமந்தியும் அப்படித்தான் வெளுக்கும். தண்ணீரின் மேல் சிறு விசிறி வைத்தால் இரண்டு டிகிரி குறையலாம். ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பலர் உப்புநீரையே ஊற்றி, உப்பை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். குளிரூட்டும் கருவியான சில்லர், உங்கள் தொட்டியைவிட விலை அதிகமாக இருக்கும். அதற்கோ, நாள் முழுதும் ஏ.சி. ஓடும் அறைக்கோ வழியில்லை என்றால் சாமந்தி ஆசையை விட்டுவிடுங்கள். என் கணக்கில் முதல் செலவு உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், சோதனைப் பெட்டிகள், அடுத்து நல்ல தண்ணீர், பிறகு குளிர்ச்சி, பிறகு விளக்கு. சாமந்தி இந்த வரிசையின் கடைக்கோடியில் நிற்கிறது. கடையில் மட்டும் அதை முதலில் நீட்டுகிறார்கள்.

இனிப் பணம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பில் கொடுக்க மறுப்பதும், குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அச்சட்டப்படி முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்துவிட்டால் கடைக்காரர் பொறுப்பு தீர்ந்துவிடாது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன்: சாமந்தி விற்கும்போதே குறையோடு இருந்தது என்று நிரூபிப்பது உங்களுக்குக் கடினம். உங்கள் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டே நாளில் தொட்டி தயார் என்றதும், சாமந்தி இல்லாமல் மீன் பிழைக்காது என்றதும் தவறான தகவல். அதை நம்பித்தான் வாங்கினீர்கள். அவர் வாட்ஸ்அப்பில் எதையாவது எழுதியிருந்தால் அழிக்காமல் வையுங்கள். தேதி போட்ட பில் இருக்கிறதா, வெறும் துண்டுச் சீட்டா என்று பாருங்கள். துண்டுச் சீட்டுதான் என்றால் இன்றே போய்ப் பில் கேளுங்கள்.

முதலில் நேரில் பேசுங்கள். 4,500 ரூபாய்க்கு ஈடாகச் சோதனைப் பெட்டியும் உப்பும் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவதே லாபம் என்பது என் கட்சி. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: எலுமிச்சை மஞ்சளில் ஒரு சாமந்தி பார்த்தேன். பழுப்பு நிறத்தில் இருப்பதைவிட விலையும் குறைவு. என் தொட்டிக்கு ஒன்றரை வயது. வாங்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அது பெரும்பாலும் சாயம் போட்டது. நுண்பாசியை இழந்து வெளுத்துப்போன சாமந்தியைச் சாயத்தில் ஊறவைத்து விற்கும் பழக்கம் இந்த வணிகத்தில் நெடுநாளாக உண்டு. சில வாரங்களில் சாயம் போய்விடும். அடியில் இருப்பது பட்டினி கிடக்கும் ஒரு பிராணி. நீங்கள் அலட்சியப்படுத்திய அந்தப் பழுப்புதான் ஆரோக்கியத்தின் நிறம், நுண்பாசியின் நிறம். வாய் இறுக மூடியிருக்கிறதா, பாதம் கிழியாமல் எதையாவது பற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வாய் பிளந்து தொங்கினால் விலை கேட்கவே வேண்டாம். முடிந்தால் அது கடையில் ஒரு வாரம் இருந்த பிறகு வாங்குங்கள். முன்பணம் கொடுத்து நிறுத்திவைக்கச் சொல்லலாம், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். அதைவிட நல்ல வழி, பபுள் டிப் வளர்க்கும் யாரிடமாவது கேட்பது. அது தானாகவே இரண்டாகப் பிரியும். தொட்டியில் பிரிந்த குட்டி, கடலிலிருந்து பிடித்துவந்ததைவிட எத்தனையோ மேல்.

கேள்வி: நிமோ ஜோடி என்று கேட்டால் ஆண் எது, பெண் எது என்று கடையில் சொல்லத் தெரியவில்லை. கூடவே 'லைவ் ராக்' என்று பவளக்கல்லும் தருகிறார்கள். வாங்கினால் தவறா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள், மீனுக்கே இன்னும் தெரியாது. கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாகிவிடும். ஒரே தொட்டியிலிருந்து அளவில் வித்தியாசமான இரண்டு குட்டிகளை வாங்குங்கள், மீதியை அவை பார்த்துக்கொள்ளும். பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேளுங்கள். ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமே இவற்றைப் பொரிக்கும் முறையை வகுத்திருக்கிறது. கடலில் பிடித்ததை வாங்க இன்று காரணமே இல்லை. உங்கள் கண்முன்னால் தீனி தின்னாத மீனை வாங்கவே வேண்டாம்.

பவளக்கல் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. செத்த துண்டானாலும் விற்பதும் வாங்குவதும் குற்றம், சிறைத்தண்டனை உண்டு. நீங்கள் இருக்கும் கரையிலோ 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவே இருக்கிறது. நுண்துளைகள் உள்ள செயற்கைக் கல் கடைகளில் கிடைக்கிறது. பாக்டீரியாவுக்கு அது போதும்.

கேள்வி: பழைய தொட்டி ஒன்று மலிவாக வருகிறது. அதில் சாமந்தி வைக்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது அதில் செம்பு மருந்து ஊற்றினார்களா என்று கேளுங்கள். ஊற்றியிருந்தால் அந்தக் கல்லையும் மணலையும் எடுக்காதீர்கள். செம்பு அவற்றில் தங்கி மெல்ல மெல்லக் கசியும். மீன் தாங்கும் அளவைச் சாமந்தி தாங்காது. கண்ணாடியை மட்டும் பேரம் பேசுங்கள்.