கை வைத்தால் அழிந்துவிடுமோ? – நூலகர் பதில்கள்

(கல்லூரி நூலகம் ஒன்றில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து 2014ல் ஓய்வு பெற்றவர், நூலகப் பணியாளர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கணினியைப் பற்றியே இருந்தன.)

எனக்கு 56 வயது. அரசு உதவி பெறும் கல்லூரியில் நூலக உதவியாளர். போன மாதம், நூலகப் பட்டியலையும் இரவலையும் கவனித்துக்கொள்ளும் கோஹா மென்பொருளுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். வந்த தம்பி திரையில் படபடவென்று எதையெதையோ தட்டிக் காட்டினார். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. அது ஒன்றுதான் நினைவில் நிற்கிறது. தப்பாக எதையாவது அமுக்கி மொத்தமும் அழிந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஓய்வு பெற இன்னும் நான்கு வருஷம். கற்றுக்கொள்வதா, எப்படியாவது ஓட்டிவிடுவதா மேடம்?
– பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

நான்கு வருஷத்தை ஓட்டுவது சுலபம் என்றா நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு முறையும் பக்கத்து மேசைப் பையனைக் கூப்பிட்டு, ‘தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா’ என்று நிற்பது, கற்றுக்கொள்வதைவிடக் கஷ்டம். இரண்டு வருஷம் அப்படி நின்றவள் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். கோஹாவில் ஒரு புத்தகத்தின் பதிவை அழிக்கப் போனால், அந்தப் பதிவின் கீழ் பிரதிகள் இருக்கும்வரை அது அழிக்க விடாது. பிரதியை அழிக்கலாம் என்று போனால், அந்தப் பிரதி யாரிடமாவது இரவலில் இருந்தால் அதற்கும் மாட்டேன் என்று சொல்லிவிடும். இவற்றையெல்லாம் தாண்டி அழித்தாலும், அழித்தவை தனியாக ஒரு அட்டவணையில் போய் உட்கார்ந்திருக்கும். அது போக, உங்கள் கணக்குக்கு எந்தெந்த அனுமதி வேண்டும் என்று நிர்வாகியால் வகுத்துக் கொடுக்க முடியும். ‘எனக்கு இஷ்யூ, ரிட்டர்ன், தேடல் போதும், அழிக்கும் அனுமதி வேண்டாம்’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், 51 வயதில்.

என் முதல் வாரத்தைச் சொல்கிறேன். பயிற்சி மாணவர் என்ற பெயரில் பொய்யாக ஒரு உறுப்பினரை உண்டாக்கினேன். ஒரு பழைய அகராதியை அவருக்கு இஷ்யூ செய்தேன், ரிட்டர்ன் வாங்கினேன், மறுபடி இஷ்யூ செய்தேன். காலை கதவு திறந்து மாணவர்கள் வருவதற்கு முன்னால் கால் மணி நேரம், தினமும் இதே வேலை. அந்த அகராதி அந்த மாதம் எத்தனை தடவை இரவல் போனது என்று புள்ளிவிவரம் எடுத்தவர் திகைத்துப் போனார். பரவாயில்லை. மூன்றாவது வாரம் கை தானாகப் போயிற்று. எங்கள் அட்டெண்டர் பத்தாம் வகுப்பு படித்தவர். எனக்கு முன்னாலேயே கற்றுக்கொண்டுவிட்டார். காரணம் ரொம்ப எளியது: கவுண்டரில் நின்றது அவர், பயிற்சி அரங்கில் உட்கார்ந்திருந்தது நான்.

இந்த விஷயத்தை அமெரிக்காவில் ஒரு பொது நூலகம் நன்றாகப் புரிந்துகொண்டது. வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரம். 2006ல் அங்கே ஹெலீன் புளோவர்ஸ் என்பவர் ஊழியர்களுக்காக ஒரு திட்டம் வகுத்தார். மொத்தம் 23 சின்ன வேலைகள். வலைப்பூ ஒன்று தொடங்கு, புகைப்படத்தை இணையத்தில் ஏற்று, விக்கி பக்கம் ஒன்றில் எழுது, இப்படி. வகுப்பு கிடையாது, அவரவர் வேகத்தில் அவரவர் மேசையில் செய்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் எம்பி3 பிளேயர் பரிசு. ‘23 விஷயங்கள்’ என்ற அந்தத் திட்டத்தைப் பிறகு பல நாடுகளின் நூலகங்கள் எடுத்துச் செய்தன. அவர்கள் பட்டியலில் இருந்த வலைத்தளங்களில் சில இன்று உயிரோடு இல்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, தட்டிப் பார்க்கும் தைரியம் வந்துவிட்டதே.

இன்னொன்று, தங்கச்சி. பயிற்சியில், ஒரு பதிவின் விவரக் கட்டங்களுக்கு (புலம் என்பார்கள்) உள்ள 100, 245, 260, 300 என்ற எண்களைக் காட்டி மிரட்டியிருப்பார்களே? நீங்கள் புத்தகப் பட்டியலைக் கார்டில் எழுதிய காலத்து ஆள்தானே. முதல் வரியில் ஆசிரியர் பெயர் எழுதுவோம், அதுதான் 100. அடுத்து தலைப்பு, அது 245. வெளியிட்ட ஊர், பதிப்பகம், ஆண்டு, அது 260. பக்கம், அளவு, படம் உண்டா இல்லையா, அது 300. அந்தத் தம்பிக்கு எண்கள் மனப்பாடம், உங்களுக்கு அவற்றின் பொருளே தெரியும். இதைப் பயிற்சியின் முதல் பத்து நிமிடத்தில் சொல்லியிருந்தால் நீங்கள் சாப்பாட்டைத் தவிர வேறு ஏதாவது நினைவில் வைத்திருப்பீர்கள்.

கோஹாவே பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற வட்டாரத்தின் சின்ன நூலகங்களுக்காக 1999ல் எழுதப்பட்டது. அங்கே ஓடிக்கொண்டிருந்த பழைய மென்பொருளுக்கு 2000ஆம் ஆண்டைக் கணக்கில் எடுக்கத் தெரியாது என்பதால் அவசர அவசரமாகச் செய்தார்கள், செய்ததை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. நம் ஊர் மொய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், வாங்கியவர் ஒரு நாள் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற பொருளும் அதில் உண்டு.

எங்கள் நூலகத்தின் 4,000 தமிழ்ப் புத்தகங்களின் பட்டியலை நானே எக்செலில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். புதிய மென்பொருளில் ஏற்றினால் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டுகிறது. இரண்டு வருஷ உழைப்பு போய்விட்டதா?
– நூலகர், திண்டுக்கல்

போகவில்லை. அழாதீர்கள். இதே தப்பை 2,300 புத்தகங்களுக்கு நானும் செய்திருக்கிறேன்.

நீங்கள் பயன்படுத்தியது பாமினி மாதிரியான பழைய எழுத்துரு. அவை என்ன செய்தன என்றால், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை ஒட்டிவைத்தன. பாமினியில் ‘தமிழ்’ என்று நீங்கள் அடித்தது கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, கூட ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும், இல்லாத இடத்தில் சாயம் வெளுத்துவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்துக்குச் சொந்த எண் உண்டு, எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே நிற்கும்.

மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவசரப்பட்டு மொத்தக் கோப்பையும் அதில் கொட்டாதீர்கள். முதலில் அசல் கோப்பை ஒரு பிரதி எடுத்து, தொடவே தொடாமல் தனியாக வையுங்கள். எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கணினி மாறியிருந்தால் இரண்டு எழுத்துரு கலந்திருக்கும், என் கோப்பில் மூன்று இருந்தன. அப்புறம் தமிழ் உள்ள பத்திகளை மட்டும் மாற்றுங்கள். ஆங்கிலத் தலைப்புகளையும் சேர்த்து மாற்றினால், அவை யாருக்கும் புரியாத தமிழாகப் பிறப்பெடுக்கும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னில், பழைய பத்து இலக்க எண்கள் சிலவற்றின் கடைசியில் வரும் எக்ஸ்கூடத் தமிழ் எழுத்தாகிவிடும். 13 இலக்க ஐஎஸ்பிஎன்னை எக்செல் சுருக்கி 9.78 என்று ஏதோ கணக்குப் போல் காட்டும். அந்தப் பத்தியை எண்ணாக இல்லாமல் எழுத்தாக வைக்கச் சொல்லுங்கள்.

மாற்றி முடித்த பிறகுதான் உண்மையான வேலை. ‘ஔவையார்’ என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் வராது. ஏனென்றால் நம்மில் பலர் ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ஒ அடித்து, பக்கத்தில் ள அடித்து வைத்திருக்கிறோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. துணைக்கால் போட வேண்டிய இடத்தில் ரகரத்தை அடித்தவர்களும் உண்டு. ‘கொ’ என்பதைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு துண்டாக அடித்திருந்தால் சில மென்பொருள்களில் தேடலில் அகப்படாது. இந்த மூன்றையும் ‘கண்டுபிடி, மாற்று’ வசதியில் திருத்திவிடலாம், ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தபடி. எனக்கு இருபது நாள் ஆனது. மார்கழி விடுமுறை அதோடு போயிற்று.

அதோடு பெயர்களையும் ஒரு கை பாருங்கள். உ.வே.சாமிநாதையர், உ.வே. சாமிநாத ஐயர், உ.வே.சா., டாக்டர் சாமிநாதையர் என்று நான்கு பேர் உங்கள் பட்டியலில் உலவுவார்கள். ஒருவராக்கிவிடுங்கள். எந்த மாற்றியும் இதைச் செய்யாது, புத்தகத்தைக் கையில் பிடித்தவர்தான் செய்ய வேண்டும்.

ஐஎஸ்பிஎன் போட்டால் வேறு நூலகங்களிலிருந்து விவரம் தானாக வந்துவிடும் என்றார்கள். தமிழ்ப் புத்தகத்துக்கு வருவது ஏதோ புள்ளியும் கோடுமாக இருக்கிறதே?
– உதவி நூலகர், சேலம்

அது அயல்நாட்டு நூலகப் பதிவாக இருக்கும். அவர்கள் தமிழை ரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதுவார்கள், ழகரத்துக்கும் ளகரத்துக்கும் அடியில் கோடு, புள்ளி என்று அடையாளம் வைத்து. 880 என்ற புலத்தில் தமிழ் எழுத்திலும் கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் பக்க எண், ஆண்டு முதலியவற்றை எடுத்துக்கொண்டு தலைப்பை நீங்களே தமிழில் அடியுங்கள். பாதி வேலை மிச்சம்.

முன்பு இருந்த நூலகர் மாற்றலாகிப் போய்விட்டார். நூலகத்தின் மின்னஞ்சல், மின்னிதழ் சந்தா, எல்லாவற்றின் கடவுச்சொல்லும் அவருக்குத்தான் தெரியும். மீட்கலாம் என்றால் குறுஞ்செய்தி அவர் செல்போனுக்குப் போகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை!
– ஒரு பாவப்பட்ட ஜீவன், தஞ்சாவூர்

காலை ஏழு மணிக்குக் கூப்பிடுங்கள், காபி குடிக்கும் நேரத்தில் எடுப்பார். கிடைத்ததும் முதல் வேலையாக மீட்பு எண்ணை மாற்றுங்கள். உங்கள் சொந்த எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள், உங்களுக்கும் ஒரு நாள் மாற்றல் வரும். அலுவலக எண்ணைக் கொடுங்கள். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, முதல்வரின் பீரோவில் வைத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் பெறுங்கள். சாவிக் கொத்தை ஒப்படைக்கும்போது பட்டியல் போட்டுக் கொடுக்கிறோம், இதற்கு மட்டும் ஏன் வாய்வார்த்தை?

மாணவர்கள் ஏஐ கொடுத்த புத்தகப் பட்டியலோடு வருகிறார்கள். பாதிப் புத்தகம் எங்கேயும் அகப்படவில்லை. ‘உங்க லைப்ரரியில எதுவுமே இல்ல மேடம்’ என்று கேலி வேறு.
– கல்லூரி நூலகர், கோவை

அகப்படாது. அந்தப் பாதி பிறக்கவே இல்லாத புத்தகம். இருக்கிற ஆசிரியர் பெயரையும், இருக்கக்கூடும் என்று தோன்றுகிற தலைப்பையும் சேர்த்துத் தைத்துத் தருவது அந்தக் கருவிகளின் வழக்கம். என் பேத்தி கொண்டுவந்த பட்டியலில் பதிப்பகம், ஆண்டு எல்லாம் இருந்தது, புத்தகம் மட்டும்தான் இல்லை.

கோபப்படாமல் மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சேர்ந்து தேடுங்கள். முதலில் உங்கள் பட்டியல். அடுத்து தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். அப்புறம் சென்னை கன்னிமாரா. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. ஈழத்து வெளியீடு என்றால் 2005ல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டத்தின் தளம். இத்தனையிலும் இல்லாவிட்டால் பட்டியலின்மேல் சந்தேகப்படலாம். இப்படி மூன்று மாணவர்களோடு தேடினால் போதும், நான்காவது ஆளை அவர்களே எச்சரித்துவிடுவார்கள். நீங்களும் அந்தக் கருவியை ஒரு தடவை பயன்படுத்திப் பாருங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த துறையில் கேளுங்கள், அப்போதுதான் அது எங்கே கதை விடுகிறது என்று பிடிபடும்.

விக்கிப்பீடியாவை நம்பாதே என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நூலகர்கள் அதில் எழுத வேண்டும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?
– பள்ளி நூலகர், புதுச்சேரி

இரண்டு பேர் பேச்சையும். 2016 ஜனவரியில் விக்கிப்பீடியாவுக்கு 15 வயதானபோது, உலகத்தில் உள்ள நூலகர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு மேற்கோள் சேர்த்தால் போதும் என்று ஒரு இயக்கம் தொடங்கினார்கள். கட்டுரை எழுத வேண்டாம். ‘சான்று தேவை’ என்று கிடக்கும் ஒரு வரிக்கு, உங்கள் அலமாரியில் இருக்கும் புத்தகத்தின் பெயரையும் பக்க எண்ணையும் போட வேண்டும், அவ்வளவுதான். நான் முதலில் போட்டது எங்கள் ஊர் ஏரியைப் பற்றிய ஒரு வரிக்கு. பக்க எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேன். யாரோ முகம் தெரியாதவர் மறுநாளே திருத்தியிருந்தார். எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து விக்கிப்பீடியாமேல் மரியாதை.

இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் இன்றைக்கு இருந்தால் இந்தக் கணினியை எல்லாம் விரும்பியிருப்பாரா?
– நூலக அறிவியல் மாணவி, சீர்காழி

உங்கள் ஊர்க்காரர் முதலில் நூலகத்தையே விரும்பவில்லையே! கணித ஆசிரியராக இருந்தவர் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தார். ஒரு வாரத்தில் அலுத்துப்போய், பழையபடி மாநிலக் கல்லூரிக்கே வந்துவிடுகிறேன் என்று கேட்டார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகளை வேறு வேறு மாதிரி இணைத்தால் வேறு வேறு பொம்மை. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து இணைக்கலாமே என்று அங்கே தோன்றியதுதான், புத்தகங்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த அவர் உண்டாக்கிய கோலன் பகுப்பு முறைக்கு விதை. இன்றைக்குக் கோஹாவில் தேடினால் இடது பக்கம் ஆசிரியர், பொருள், இடம் என்று வடிகட்டிக் கொடுக்கிறதே, அந்த யோசனைக்கு அவர் தூரத்து உறவு இல்லை, நெருங்கிய சொந்தம்.

எங்கள் ஊருக்கு வந்து ஒரு நாள் சொல்லிக்கொடுப்பீர்களா மேடம்?
– ஐந்து நூலக ஊழியர்கள், தேனி

வருகிறேன். புரொஜெக்டர் வேண்டாம். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு கேள்வி. அந்த வாரம் உங்கள் கவுண்டரில் நிஜமாகவே யாராவது கேட்டு, நீங்கள் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வியாக இருக்கட்டும். எந்தக் கிழமை கரண்ட் போகும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.