மட்டக்களப்புல காட்டுப்பாதைக் குழுவில சேந்தா முதல்ல கைக்கு வாறது மண்வெட்டிதான்

கேள்வி: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஹைக்கிங் போற தொண்டர் குழு ஏதும் இருக்கா? என்னதான் செய்றாங்க, புதுசா ஒராள் சேர என்ன வேணும், நாயையும் கூட்டிட்டு வரலாமா?

ஓம், இருக்கு. நான் ஒரு குழுவில நாலாவது வருசம். பேரெல்லாம் பெருசா ஒன்டும் இல்ல, பதிவு செய்த சங்கமும் இல்ல, தலைவர் செயலாளர் பொருளாளர் என்டு ஆளுமில்ல (அதனாலதான் இன்னும் சண்டை வராம கிடக்கு என்டு நினைக்கிறன்), ஒரு வட்ஸப் குரூப்பும், ஒராள்ட வீட்டுக் கராச்சுக்குள்ள கிடக்குற ஆறு மண்வெட்டி, நாலு காட்டுக்கத்தி, ரெண்டு அலவாங்கும்தான் மொத்தச் சொத்து. டவுன் ஆக்கள், வாவிக்கு அங்கால படுவான்கரை ஆக்கள், ஏறாவூர், காத்தான்குடி, அங்கால திருக்கோவில், பொத்துவில் வரைக்கும் ஆள் இருக்கு, ஆனா ஒரு நாளைக்கு வாறது பன்னிரண்டு பதினஞ்சு பேருக்கு மேல தாண்டாது.

முதல் நாள் நான் போனது சரியான எடுப்போட. புதுச் சப்பாத்து, செல்பி ஸ்டிக், உச்சியில நின்டு போட்டோ எடுத்துப் போடுற பிளான் எல்லாம் ரெடி. கிரான் சந்தியில இறங்கினா ஒரு லேன்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டிக்குள்ள ஏத்தி கையில மண்வெட்டிய தந்தாங்க. அன்டைக்கு முழுக்க ஒரு இருநூறு மீட்டர் பாதைதான் செய்தம், உச்சியப் பாக்கவே இல்ல, பின்னேரம் வீட்ட வந்து ரெண்டு நாளா சோத்துக் கோப்பைய தூக்க ஏலாம கை நடுங்கினது. மனிசி கேட்டா, காசு தாறாங்களா என்டு. இல்ல என்டன். அதுக்குப் பொறகு அவ ஒன்டும் கேக்கல்ல, பார்த்த பார்வையே போதும்.

ஆக்கள் நினைக்கிறது ஹைக்கிங் குழு என்டா மாசத்துக்கு ஒரு மலை ஏறுற கூட்டம் என்டு. எங்கட வேலையில முக்கால்வாசி தண்ணியோட மல்லுக்கட்டுறது. எங்கட பக்கம் வருசத்து மழையில பாதிக்கு மேல நவம்பர், டிசம்பர், ஜனவரிக்குள்ள ஊத்தி முடிச்சிரும், அந்த மூனு மாசத்துல மலைச்சரிவில இருக்குற நடைபாதைதான் தண்ணிக்கு சுகமான வாய்க்கால், நேரா இறங்கி மண்ண வழிச்சுக் கொண்டு போயிரும், மிஞ்சுறது கல்லும் வேரும்தான். மறுகா வாறவன் அந்தக் கல்லுல நடக்க ஏலாம பக்கத்துப் புல்லுல நடப்பான், அடுத்தவன் அதுக்கும் பக்கத்துல, கடைசியில ஒரு ஆள் அகலப் பாதை ரோட்டு மாதிரி ஆகிரும். இதுக்கு யூடியூப்ல வெள்ளைக்காரன்ட வீடியோ பார்த்து பெரிய கல்லெல்லாம் வச்சு மறிச்சுப் பார்த்தம், ஒரு மாரியோட எல்லாம் அள்ளுப்பட்டுப் போச்சு.

சரியான வழிய சொல்லித் தந்தது வெல்லாவெளிப் பக்கத்து வெள்ளாமைக்கார மாமா ஒராள். அவர் சொன்னது ஒன்டே ஒன்டுதான், "மனே, தண்ணிய மறிக்காத, கிறுக்கி விடு." திருப்பி விடச் சொல்றார். பாதைக்கு குறுக்கால நேரா இல்லாம கொஞ்சம் சரிச்சு ஒரு ஆழமில்லாத கான் வெட்டி, கீழ்ப்பக்கம் வரம்பு மாதிரி மண்ண அடிச்சு இறுக்கி விட்டா தண்ணி பாதைய விட்டு வெளியால போயிரும். சரிவு கூடின இடத்துல கிட்டக் கிட்ட, குறைஞ்ச இடத்துல எட்டத்துல. வாழ்நாள் முழுக்க வயல் வட்டைக்குள்ள தண்ணி பாய்ச்சின மனிசனுக்கு இது ஒரு விசயமே இல்ல, நாங்கதான் மூனு வருசம் வீணாக்கினம். இப்ப ஒக்டோபர் மாசம் மழைக்கு முன்ன கான் துப்பரவாக்குறதும், பெப்ரவரி மழை விட்டாப்போல போய் என்ன மிச்சம் என்டு பாக்குறதும்தான் எங்கட ரெண்டு பெரிய வேலை. பெப்ரவரி கடைசி, மார்ச் பெரும்போக வெள்ளாமை வெட்டு, அப்ப படுவான்கரை ஆக்கள் ஒருத்தரும் வர மாட்டாங்க, அத யோசிச்சுத்தான் நாள் குறிக்கிற.

நாங்க செய்த பெரிய மடத்தனத்தையும் சொல்லிடுறன். ரெண்டாவது வருசம், புது ஆக்கள் வழி தவறுறாங்க என்டு மஞ்சள் பெயின்ட் ரெண்டு டின் வாங்கி, பாறைக்குப் பாறை அம்புக்குறி போட்டம். அழகாத்தான் இருந்துச்சு. அடுத்த நாள் மாட்டுப்பட்டிக்காரர் ஒராள், எழுபது தாண்டின ஆள், நாங்க எல்லாரும் பெத்தப்பா என்டுதான் கூப்பிடுற, வந்து பார்த்துட்டு சிரிச்சார். "இது எங்கட மாடு போற வழி மக்காள், மாட்டுக்கு வாசிக்கத் தெரியாதே" என்டார். பகிடி அதோட முடியல்ல. தொல்பொருள் படிச்ச பொடியன் ஒருவன் எங்கட போட்டோவப் பார்த்துட்டு போன் எடுத்து ஏசினான், நாங்க பெயின்ட் அடிச்ச பாறை ஒன்டுக்கு மேல மழைத்தண்ணி உள்ளுக்க வடியாம இருக்க கல்லுல வெட்டின விளிம்பு இருக்காம், அப்படி விளிம்பு வெட்டின குகைகள்ல ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல பழைய பிராமி எழுத்து இருக்குமாம், இந்த நாட்டுல அப்படி எத்தனையோ குகை இருக்கு. எங்களுக்கு வயித்தக் கலக்கிட்டு. நல்ல காலம் அந்தப் பாறையில எழுத்து ஒன்டும் இல்ல. சுரண்டவும் வேணாம் என்டான், சுரண்டினா இன்னும் கேடு. அந்த அம்பு இப்பவும் வெளிறிப் போய் அங்கதான் கிடக்கு, ஒவ்வொரு முறை தாண்டும்போதும் முகத்த திருப்பிட்டுத்தான் போவன்.

அதுக்குப் பொறகு பெயின்ட் இல்ல. சிவப்புச் சீத்தைத் துணிய கீறி முப்பத்திரெண்டு துண்டு, போகேக்க கட்டுற, வரேக்க கடைசி ஆள் அவிழ்த்து எண்ணி எடுக்குற. ஒரு முறை முப்பத்தொன்டுதான் வந்துச்சு, பார்த்தா ஒரு குரங்கு கழுத்துல... சரி அது வேற கதை.

அந்தப் பெத்தப்பாதான் எங்களுக்கு உண்மையான மேப். அவருக்கு எல்லாமே சூறாவளிக்கு முந்தி, சூறாவளிக்குப் பிந்தி என்டுதான் கணக்கு, 1978 நவம்பர் 23 அடிச்ச சூறாவளிய சொல்றார். "இந்த வீரை மரம் சூறாவளியில விழுந்து மறுகா முளைச்சது" என்டு கைய வச்சுக் காட்டுவார். சண்டைக் காலத்துல அந்தப் பக்கம் சனம் போகல்ல, பாதையெல்லாம் சூரையும் காஞ்சோண்டியும் மூடிட்டு, அவர் ஒருத்தர்தான் கால் பழக்கத்துல நடந்து காட்டினார். 2017ல மட்டக்களப்பு மாவட்டத்த கண்ணிவெடி இல்லாத மாவட்டம் என்டு அறிவிச்சாங்க, ஆனாலும் எங்கட குழுவில சட்டம் ஒன்டுதான், துருப்பிடிச்ச இரும்பு எது கண்டாலும் குனியவும் கூடாது, இடத்த நினைவு வச்சுட்டு வந்து பொலிசுக்கு சொல்ற.

குடும்பிமலைக்கு கூட்டிட்டுப் போவீங்களா என்டு வாற எல்லாரும் கேக்குற. சிங்களத்துல தொப்பிகல, ரெண்டு பேருக்கும் தலையில இருக்குற ஒன்டுதான் நினைப்பு பாருங்க, நாங்க குடும்பி என்டம் அவங்க தொப்பி என்டாங்க. ஐநூறு மீட்டருக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான், ஆனா சுத்திவர வெட்டை என்டபடியா எங்க நின்டாலும் தெரியும். மாரியில கிரான் பாலத்தால தண்ணி பாய்ஞ்சா அங்கால ஊர்களுக்கே தோணியிலதான் போற, அந்த நாளையில ஹைக்கிங் என்டு போய் அந்த சனத்துக்கு கரைச்சல் குடுக்கக் கூடாது. மே தொடங்கி செப்டம்பர் மட்டும் போகலாம், ஆனா கச்சான் காத்து அடிக்கிற நாள்ல பதினொரு மணிக்கே பாறை தோசைக்கல்லு. வெயிலுக்குப் பயந்து வெள்ளெனப் போவம் என்டா யானை. அதனால பொழுது நல்லா வெளிச்சாப் பொறகுதான் காலெடுத்து வைக்கிற, எவ்வளவு பாக்கி இருந்தாலும் பதினொன்டுக்கு திரும்புற, மூனு மணிக்கு எல்லாரும் வாகனத்தடியில நிக்கணும். ஆளுக்கு நாலு லீட்டர் தண்ணி, ரெண்டு பக்கெட் ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்). வன இலாகா பகுதி என்டா முன்கூட்டியே கடிதம் குடுத்து அனுமதி எடுக்குற, "அங்க ஒருத்தரும் பாக்க மாட்டாங்க" என்டு சொல்றவன நாங்க அடுத்த முறை கூப்பிடுறல்ல.

அம்பாறைப் பக்கம் எங்கட வேலை உகந்தை முருகன் கோயில் பக்கம். ஆடி மாசக் கதிர்காமக் கொடியேத்தத்துக்கு முன்ன காட்டுப்பாதை திறந்தா, உகந்தையில இருந்து கூமுனை, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்டு சனம் அஞ்சாறு நாள் பாதயாத்திரையா நடந்து கதிர்காமம் போற. மத்த நாள்ல அது கூமுனை, யால தேசிய பூங்கா, நடக்குறது கிடக்கட்டும், வாகனத்த விட்டு இறங்கவும் விடமாட்டாங்க. உண்மையச் சொன்னா இந்த நாட்டுல நீண்ட தூர ஹைக்கிங் என்டா எங்கட அம்மம்மாக்கள் செய்ததுதான், வெறுங்காலோட, தலையில அரிசி மூட்டையோட, செயலி கியலி ஒன்டும் இல்லாம. நாங்க அங்க வழிகாட்டுறல்ல, வழி அவங்களுக்குத் தெரியும். பாதை திறக்க முன்ன பாணமை ரோட்டோரம் உகந்தை வரைக்கும், பாதை மூடினாப் பொறகும் ஒரு முறை, குப்பை பொறுக்குற. போத்தல், லஞ்ச் சீட் (சோறு சுத்துற பொலித்தீன்), பிஸ்கட் உறை, ஜீவனி பக்கெட். அன்னதானம் குடுக்குற ஆக்கள்ட்ட போய் லஞ்ச் சீட்ட விட்டு தாமரை இலை, தேக்கம் இலை பாவிங்க என்டு கேட்டம், சிலர் கேட்டாங்க, சிலர் நீங்க யார் சொல்ல என்டாங்க. அதுவும் நியாயம்தான்.

அந்த மாசம்தான் பாலைப்பழமும் பழுக்குற. ரெண்டு தின்டா உதடு ஒட்டிக்கும், அவ்வளவு பால். கரடிக்கும் அதுதான் விருப்பம், மரத்துக்குக் கீழயே கிடக்கும், சத்தமில்லாம போய் முட்டினாத்தான் பிரச்சினை. அரோகரா என்டு கத்திக்கொண்டு போற கூட்டத்துக்கு அது விலகிப் போயிரும். பக்தியோ பாதுகாப்போ, கத்துங்க.

பீக்கோ ட்ரெயில் மாதிரி எங்கட பக்கமும் ஒன்டு செய்யலாமே என்டு சில பேர் எழுதுற. கண்டியில தொடங்கி நுவரெலியா மட்டும் முன்னூறு கிலோமீட்டர், இருபத்திரெண்டு பகுதி, நானும் அதுல ரெண்டு பகுதி நடந்தன், நல்ல வேலை. ஆனா அதுல கனக்க தேயிலைத் தோட்டத்துப் பழைய பாதை, வெள்ளைக்காரன் காலத்துல கொழுந்தும் சாமானும் கொண்டுபோக சரிவு பார்த்து வெட்டினது, வழிநெடுக தோட்டத்து ஆக்கள்ட லயமும் கடையும் இருக்கு. எங்கட பாதைய வெட்டினது மாடும் யானையும். இங்க போர்டு நட்டா அடுத்த கிழமை யானை முதுகு சொறிஞ்சு சாய்ச்சிரும். இதனாலதான் நாங்க வேலை செய்ற மலைட பேர நான் இங்க எழுதல்ல, நடந்த வழிட ஜிபிஎஸ் கோட்டையும் நெட்டுல ஏத்தல்ல. எங்களுக்குள்ளேயே இதுல ஒத்துப்போகல்ல, ஒரு பகுதி ஏத்துவம் என்டுது, ஆனா கோடு பார்த்து தனிய வாற பொடியன் பட்டி நிக்குற இடத்துல மியூசிக் போட்டு நெருப்பு மூட்டினா பெத்தப்பாக்கு ஆர் பதில் சொல்ற?

இந்த வருசத்துப் புதினம் என்டா, பொம்பிளைப் பிள்ளைகள் மட்டும் சேந்து ரெண்டு முறை போய் வந்தாங்க. காலம்பற போய் பின்னேரம் வாறதுக்கு வீட்டுல அனுமதி எடுக்குறதுதான் அவங்களுக்கு மலையை விடப் பெரிய ஏத்தம், அதால முதல் நடைக்கு அம்மாமாரையும் கூட்டிட்டுப் போனாங்க, அவங்கதான் எங்கள விடக் கெதியா ஏறினதாம். மற்றது, தாதியா இருக்குற அக்கா ஒராள் முதலுதவி வகுப்பு எடுத்தா. பாம்பு கடிச்சா கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, மோதிரம் காப்ப கழட்டி, கடிபட்ட காலை அசைக்காம, 1990 அம்புலன்சுக்கு போன் அடிச்சு ஆஸ்பத்திரிக்கு. புடையன அடிச்சு பேக்குல போட்டு கொண்டு வரவும் வேணாம் என்டா, ஏனென்டா எங்கட்ட அப்படி ஒரு வீரன் இருந்தான்.

சேர ஒன்டும் பெருசா வேணாம். பாட்டாச் செருப்போட வராம மூடின சப்பாத்து, முழுக்கை சட்டை, தொப்பி, கட்டுச்சோறு, அதுவும் சொப்பின் பேக்குல இல்லாம டப்பாவில. வந்தா முதல் மூனு முறை வேலை நாளுக்கு வரணும், அதுக்குப் பொறகுதான் மலை. இதக் கேட்டு பாதிப் பேர் குரூப்ப விட்டுப் போயிருவாங்க, பரவாயில்ல. மண்வெட்டி எங்கட்ட இருக்கு, ஆனா ரெண்டுக்கு பிடி உடைஞ்சு கிடக்கு, வீட்டுல முதிரைப் பிடி ஏதும் சும்மா கிடந்தா கொண்டு வாங்க.

நாய வேணாம். அது யானையக் கண்டா குரைச்சுப்போட்டு உங்கட காலுக்குள்ளதான் ஓடி வரும், பின்னால யானையும் வரும்.