ஆல்ப்ஸ் காடும் சிகரமும்: வாசகர் கேள்வி – பதில்

கோடையில் ஆல்ப்ஸ் மலைகளில் நடக்கத் திட்டமிடும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பனியாறும் கயிறும் தேவைப்படும் ஏற்றங்களை இங்கே தொடவில்லை. ஊசியிலைக் காட்டில் தொடங்கி, மரங்கள் நின்றுபோகும் எல்லையைக் கடந்து, நடந்தே எட்டிவிடக்கூடிய உச்சிகளைப் பற்றித்தான் பேசுகிறோம்.

கே: உச்சிக்கு 9 கிலோமீட்டர்தான். வழிகாட்டிப் பலகையோ ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்கிறது. சமதளத்தில் நான் மணிக்கு 5 கி.மீ. நடப்பவன். இவ்வளவு நேரம் ஆகுமா?

ப: ஆகும். மலையில் நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உயரம்தான். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வழக்கத்தில் உள்ள கணக்கு இது: தூரத்துக்கு மணிக்கு 4 கி.மீ., ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர், இறக்கத்துக்கு மணிக்கு 500 மீட்டர். தூரத்துக்கான நேரத்தையும் உயரத்துக்கான நேரத்தையும் தனித்தனியே கண்டுபிடித்து, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டுங்கள்.

உங்கள் பாதையில் ஏற்றம் 1,100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 9 கி.மீ.க்கு 2 மணி 15 நிமிடம். 1,100 மீட்டருக்கு 3 மணி 40 நிமிடம். 3.40-உடன் 2.15-இல் பாதியைச் சேர்த்தால் சுமார் 4 மணி 45 நிமிடம். அதே வழியில் இறங்க, இதே கணக்குப்படி, சுமார் 3 மணி 20 நிமிடம். ஆக எட்டு மணி நேரம் நடை மட்டுமே. பலகையில் ஓய்வு நேரம் சேராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உட்காரவும் சாப்பிடவும் ஒன்றரை மணி நேரம் சேர்த்தால், காலை 6 மணிக்குக் கிளம்பினாலும் அடிவாரம் திரும்ப மூன்றரை மணி ஆகிவிடும். கோடையில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். ஒன்பது மணிக்குக் கிளம்புகிறவர் அந்த நேரத்தில் முகட்டிலோ, அதற்குச் சற்றுக் கீழே திறந்த சரிவிலோ நின்றுகொண்டிருப்பார்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவுசெய்து எழுதிவைத்துவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்க முயன்றால், யாருக்கும் திரும்ப மனம் வராது.

கே: பாறையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூசிய அடையாளத்தைப் பார்த்து நடந்தால் போதுமா?

ப: எந்த நாட்டில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்தில் நிறமே கடினத்தைச் சொல்லிவிடும். மஞ்சள் பலகை சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப்பாதை: செங்குத்தான, குறுகலான இடங்கள் இருக்கும், கால் உறுதியும் தலைசுற்றாத தன்மையும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை ஆல்பைன் பாதை: பாதையே இல்லாத கற்குவியல், பனித்திட்டு, கையூன்றி ஏறும் பாறை எல்லாம் வரலாம். T1 முதல் T6 வரையிலான சுவிஸ் அளவுகோலில் மஞ்சள் T1. வெள்ளை-சிவப்பு-வெள்ளை T2, T3. நீலம் T4-இலிருந்து மேலே.

ஆஸ்திரியாவில் மரத்திலும் பாறையிலும் உள்ள சிவப்பு-வெள்ளை-சிவப்புப் பூச்சு 'வழி இதுதான்' என்று மட்டுமே சொல்லும். கடினம் எவ்வளவு என்பதைப் பலகையிலுள்ள புள்ளியின் நிறத்தில் பாருங்கள்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். சுவிஸ் நீலத்துக்கும் ஆஸ்திரிய நீலத்துக்கும் பொருள் நேர் எதிர். எல்லை தாண்டி நடப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல.

கே: காட்டுக்குள் பாதை திடீரென்று காணாமல் போனால்? கைபேசி செயலியை மட்டும் நம்பலாமா?

ப: வழி தவறுவது அநேகமாகச் சிகரத்தில் அல்ல, காட்டில்தான். மரம் வெட்டிக் கொண்டுபோகும் வண்டித்தடங்கள் நடைபாதையைவிட அகலமாகவும் தெளிவாகவும் இருக்கும். கால் தானாக அவற்றில் போய்விடும். புயலில் சாய்ந்த மரங்கள் பாதையை மறைக்கும். மரத்தடிச் செங்குத்துப் பள்ளத்தாக்கில் செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் மோதித் திரும்பி வருவதால், திரையில் உங்கள் புள்ளி பல மீட்டர் தள்ளிக் காட்டலாம். இரண்டு தடங்கள் அருகருகே ஓடும் இடத்தில் அந்தப் பிழை போதும், தவறான தடத்தில் இறங்க.

ஐந்து நிமிடமாக எந்த அடையாளமும் கண்ணில் படவில்லையென்றால் நில்லுங்கள். திரும்பிப் பாருங்கள், எதிர்த்திசையில் வருபவர்களுக்காக மரத்தின் பின்புறம் பூசிய அடையாளம் தெரியக்கூடும். தெரியாவிட்டால், கடைசியாக அடையாளம் பார்த்த இடம்வரை திரும்பி நடங்கள். குறுக்கே இறங்க வேண்டாம். 'ஓடையோடு போனால் ஊர் வரும்' என்ற நம்பிக்கை இந்த மலைகளில் ஆபத்தானது: ஓடைகள் அருவியாகவும் செங்குத்துப் பிளவாகவும் விழும். இறங்கிய சேற்றுச் சரிவில் திரும்ப ஏறவும் முடியாமல், மேலும் இறங்கவும் முடியாமல் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்து, விமானப் பயன்முறையில் போடுங்கள். இருப்பிடம் காட்டுவதற்குச் செல்பேசிச் சிக்னல் தேவையில்லை, பேட்டரியும் மிஞ்சும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தளரும் என்பதால் உட்சட்டைப் பையில் வையுங்கள். அதோடு 1:25,000 தாள் வரைபடம் ஒன்றும் இருக்கட்டும். அதில் 4 செ.மீ. என்பது 1 கி.மீ. ஆல்ப்ஸ் பகுதித் தாள்களில் சம உயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்று. உங்கள் பாதை அரை சென்டிமீட்டருக்குள் ஐந்து கோடு இடைவெளிகளைக் கடந்தால், 125 மீட்டர் தூரத்தில் 100 மீட்டர் ஏற்றம். கையை ஊன்ற வேண்டிய சரிவு அது.

கே: ஜூன் மாதத்தில் 2,400 மீட்டர் உச்சிக்குப் போகலாமா? கீழே வெயில் கொளுத்துகிறது.

ப: கீழே உள்ள வெயிலை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதைவிட முக்கியம், வடக்கு நோக்கிய ஓடைப்பள்ளங்களில் பழைய பனி ஜூலைவரைகூடக் கிடக்கும். பத்து மீட்டர் அகலப் பனித்திட்டு பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். அதிகாலையில் அது கெட்டியாக இருக்கும். சறுக்கினால் சில நொடிகளில் வேகம் பிடித்துவிடும், கையால் நிறுத்த முடியாது. கீழே எங்கே போய் முடிகிறது என்று முதலில் பாருங்கள். புல்வெளியில் முடிந்தால் ஒரு கணக்கு. பாறையிலோ விளிம்பிலோ முடிந்தால் திரும்பிவிடுங்கள். பகலில் வேறொரு சிக்கல்: அடியில் ஓடும் நீர் பனியைக் குடைந்திருப்பதால், ஓரங்களில் கால் வைத்ததும் உடைந்து உள்ளே போகும். கிளம்புவதற்கு முந்தின நாள் பாதையிலுள்ள மலைக்குடிலுக்குத் தொலைபேசியில் பேசிப் பனி நிலவரம் கேளுங்கள். அந்த ஒரு அழைப்பு எந்த இணையத் தகவலையும்விடப் பயன் தரும்.

கே: முகட்டில் இருக்கும்போது இடி வந்தால்?

ப: மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உடனே முகட்டைவிட்டு இறங்குங்கள். பாறையில் பிடிப்புக்காகப் பொருத்திய கம்பிவடத்தைத் தொடாதீர்கள். தூரத்தில் அடித்த மின்னலும் அதன்வழியே ஓடிவரும். தனிமரத்தடி, ஆழமில்லாத குகை, துருத்திய பாறைக்கடியில் ஒதுங்குவது எல்லாமே தவறு. உயரம் ஒரே சீராக உள்ள அடர்ந்த காடு பரவாயில்லை, அடிமரத்தையும் தாழ்ந்த கிளைகளையும் விட்டு விலகியிருங்கள். எதுவும் இல்லையென்றால் ஒரு தாழ்வான இடத்தில், பையைப் போட்டு அதன்மேல் கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். படுக்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள்.

கே: மாடுகளும் உண்ணிகளும் பயமுறுத்துகின்றன.

ப: கன்றோடு உள்ள மாட்டை 20 முதல் 50 மீட்டர்வரை விலகிச் சுற்றிப் போங்கள். நாய் கூட வந்தால் வாரில் வைத்திருங்கள். மாடு பாய்ந்தால் வாரை விட்டுவிடுங்கள், மாட்டின் குறி நாய்தான். உண்ணியைப் பொறுத்தவரை, இரவில் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள், தலையோரம் பாருங்கள். கடித்திருந்தால் நுண்ணிடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வேண்டாம். சில வாரங்களில் விரியும் சிவப்பு வளையம் தோன்றினால் மருத்துவரைப் பாருங்கள். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்க வேண்டும்.

கே: ஆபத்தில் யாரை, எப்படி அழைப்பது?

ப: ஐரோப்பா முழுவதும் 112. ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140, சுவிட்சர்லாந்தில் வான் மீட்புக்கு 1414. எங்கே, என்ன நடந்தது, எத்தனை பேர், அங்கே வானிலை எப்படி என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பத்து நொடிக்கு ஒன்றாக, விசில் அல்லது டார்ச், ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்றாக வரும். பதில் வந்த பிறகும் அவர்கள் உங்களைக் கண்டுபிடிக்கும்வரை நிறுத்தாதீர்கள். ஹெலிகாப்டர் தென்பட்டால் இரு கைகளையும் மேலே விரித்து 'வி' வடிவில் நில்லுங்கள்: உதவி தேவை என்று பொருள். ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாக நின்றால் தேவையில்லை என்று பொருள். உற்சாகத்தில் ஒற்றைக் கையை ஆட்டாதீர்கள். தொப்பி, பாய், மழைக்கோட்டு எதுவும் காற்றில் பறக்காதபடி கட்டிவிட்டு, குனிந்து அதே இடத்தில் இருங்கள். குழுவினர் சைகை காட்டும்வரை நெருங்க வேண்டாம்.