தாத்தா போனைச் சீக்கிரம் வைத்துவிடுகிறார்: முதலில் அவர் காதைப் பாருங்கள்

கேள்வி: என் தாத்தாவுக்கு 84 வயது. மன்னார்குடி பக்கம் கிராமத்தில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். பத்து வயது வரை என்னை வளர்த்தவர் அவர்தான். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். பாட்டி தவறி இரண்டு வருடம் ஆகிறது. போன வருடம் வரை ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் முக்கால் மணி நேரம் பேசுவார். இப்போது இரண்டே நிமிடத்தில் "சரிம்மா, உடம்பப் பாத்துக்க, வச்சிடுறேன்" என்கிறார். நான் ஒன்று கேட்டால் வேறு ஏதோ பதில் சொல்கிறார். ஆனால் சித்தப்பாவிடம் நன்றாகத்தான் பேசுகிறாராம். மறதி நோயா, என்மேல் ஏதும் வருத்தமா என்றே புரியவில்லை. மாதம் ஒரு முறை இரண்டு நாள் ஊருக்குப் போகிறேன். அந்த இரண்டு நாளில் நான் என்ன செய்யலாம்?

பதில்: "சித்தப்பாவிடம் நன்றாகத்தான் பேசுகிறாராம்" என்று எழுதியிருக்கிறீர்களே, துப்பு அங்கேதான் இருக்கிறது. மறதி நோய் மகனை விட்டுவிட்டு பேத்தியிடம் மட்டும் வராது. காது அப்படிச் செய்யும்.

வயதானால் காதில் முதலில் போவது உச்ச ஸ்தாயி. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த ஒலிகள், அழுத்தமானவை. அவை கடைசி வரை கேட்கும். ச, த, ப, க, ஸ போன்றவற்றின் கூர்மை உச்ச ஸ்தாயியில் இருக்கிறது, அதுவும் மெலிசாக. அது போய்விட்டால் "பசிக்குதா", "படிச்சியா", "அடிக்குதா" மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விழும். இதனால்தான் பெரியவர்கள் பலர் "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் வெளங்கல" என்பார்கள். செவிட்டுத்தனம் என்றால் எதுவுமே கேட்காது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பதால், "கூப்பிட்டா திரும்புறாரே, காது நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுவார்கள்.

உங்கள் குரல் பெண் குரல், ஸ்தாயி கூடுதல். சித்தப்பாவின் குரல் கனமானது. எதிரே உட்கார்ந்து பேசுவதால் வாயசைவும் தெரிகிறது. இதற்கு மேல் போன் வேறு. சாதாரணத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். ச, ஸ போன்றவற்றின் கூர்மையில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. காது நன்றாக இருப்பவர்கள் மிச்சத்தை ஊகித்து நிரப்பிக்கொள்வோம். அவரால் முடியவில்லை. "கேக்கலம்மா, திருப்பிச் சொல்லு" என்று இரண்டு தடவை கேட்கலாம். மூன்றாவது தடவை கூச்சமாகிவிடும். குத்துமதிப்பாக ஒரு பதில் சொல்லிவிட்டு, மாட்டிக்கொள்வதற்குள் போனை வைத்துவிடுகிறார். இதில் வருத்தம் என்று ஏதாவது இருந்தால், அது பேத்தி சொல்வது விளங்கவில்லையே என்கிற வருத்தமாகத்தான் இருக்கும்.

ஆனாலும் நேரில் பார்க்காமல் இதை முடிவு கட்டக் கூடாது. வேறு சிலவும் இதே வேடத்தில் வரும்.

மறதியா, காதா என்று பிரித்துப் பார்க்க ஒரு தாளும் தடித்த ஸ்கெட்ச் பேனாவும் போதும். அவர் கண்ணாடி போட்ட பிறகு, "சாயங்காலம் 5 மணிக்கு மன்னார்குடி போய் செருப்பு வாங்கணும்" என்பது போல ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். படித்து, பொருத்தமாக இரண்டு வார்த்தை பேசி, நாலரை மணிக்கு அவரே சட்டை மாற்றிக்கொண்டு நின்றால் பிரச்சினை காதில்தான். எழுதிக் காட்டியதையே அரை மணி நேரத்தில் மறந்தால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், பல வருடம் பார்த்த கணக்கில் தடுமாறினால், பழகிய தெருவில் திசை மாறினால், அது வேறு. நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் தடுக்கக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் வரிசைப்படுத்தியது. கவனிக்காமல் விட்ட காது மந்தமும் அதில் ஒன்று.

அடுத்தது மனச்சோர்வு. பாட்டி இல்லாத வீட்டில் இதைத் தள்ளிவிட முடியாது. இந்த வயதில் சோர்வு அழுகையாக வருவது குறைவு; "பசிக்கல", "கால் வலிக்குது", "நமக்கென்ன இனிமே" என்றுதான் வரும். விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறாரா, பிடித்த எதிலும் நாட்டமில்லையா, டீக்கடைக்குப் போவது நின்றுவிட்டதா என்று சித்தியிடம் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் மருத்துவம் தேவை. காதால் ஒதுங்குபவர் கூட்டத்திலும் போனிலும்தான் ஒதுங்குவார். மாட்டுக்கு வைக்கோல் போடுவதையோ தினமும் பேப்பர் பார்ப்பதையோ விடமாட்டார்.

அடுத்த பயணம் வரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று குழப்பம், பிதற்றல், பகல் முழுக்கத் தூக்கம் வந்தால் சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, சோடியம் குறைவு ஏதாவது இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர்மாத்திரையே சிலருக்குச் சோடியத்தைக் குறைத்துவிடும். சில வாரங்களுக்கு முன் லேசாகத் தலையில் அடிபட்டு, இப்போது மந்தமும் தலைவலியும் என்றால் ஸ்கேன் எடுக்க வேண்டும். அவர் ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ சாப்பிடுபவராக இருந்தால் இன்னும் அவசரம். ஒரு காது மட்டும் ஒரே நாளில் அடைத்துக்கொண்டால் மூன்று நாளுக்குள் காது மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு மருந்து உண்டு, தாமதித்தால் பலன் குறையும்.

இனி உங்கள் இரண்டு நாள். வீட்டுக்குள் நுழைந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு காதைப் பார்க்கப் போய்விடாதீர்கள். முதலில் சித்தியிடம் பேசுங்கள். தினமும் சோறு போட்டு, மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் அவர். மாதம் இரண்டு நாள் வருகிற பேத்தி "தாத்தாவுக்குக் காது கேக்கலன்னு கூடவா யாரும் பாக்கல?" என்று ஆரம்பித்தால் உங்கள் பஸ் கிளம்பிய மறுநிமிடம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். "சித்தி, போன்ல நான் பேசுறது அவருக்கு வெளங்கல போல, உங்களுக்கும் அப்படித் தோணுதா?" என்று கேளுங்கள். டிவி சத்தத்தைப் பற்றி அவரே பத்து நிமிடம் சொல்வார்.

சனிக்கிழமை காலை, மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவிட்டு ஒரு சின்னச் சோதனை. தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் ஒரு கை நீளத் தூரத்தில் நில்லுங்கள். உங்கள் வாய் அவருக்குத் தெரியக் கூடாது. ஒரு காதின் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மடலை விரலால் அமுக்கி மெல்லத் தேய்த்துக்கொண்டே இருக்கச் செய்யுங்கள். நீங்கள் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, குசுகுசுப்பாக மூன்று ஒலிகள் சொல்லுங்கள்: "ஏழு, மா, ரெண்டு". மூன்றையும் சரியாகச் சொன்னால், அமுக்காமல் திறந்திருக்கும் காது பரவாயில்லை. தப்பினால் வேறு மூன்று. ஆறில் மூன்றுகூடச் சொல்ல முடியவில்லை என்றால் முறையான பரிசோதனை வேண்டும். மறு காதுக்கும் அப்படியே. மூச்சை விடாமல் பேசினால் குரல் எழும்பி, சோதனையே பொய்த்துப்போகும். இதில் நடக்கும் தவறு பெரும்பாலும் அதுதான்.

குறும்பியையும் மறக்காதீர்கள். வயதானவர்களுக்கு அது உலர்ந்து கட்டிதட்டும்; காதில் முடி அடர்ந்த ஆண்களுக்கு இன்னும் அதிகம். சில தாத்தாக்களின் "செவிடு" குறும்பி எடுத்த அன்றே பாதி குறைந்ததுண்டு. ஆனால் ஊக்கு, கோழி இறகு, பட்ஸ் எதுவும் வேண்டாம். உள்ளே தள்ளத்தான் செய்யும். பூண்டு தட்டிக் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம்: சூடு தெரியாமல் ஊற்றினால் ஜவ்வு புண்ணாகும், ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும். மருத்துவர் உள்ளே பார்த்து, குறும்பியை இளக்கும் சொட்டு மருந்தை மூன்று முதல் ஐந்து நாள் போடச் சொல்வார், பிறகு எடுப்பார்.

அன்றைக்கே மாத்திரைப் பையையும் கவிழ்த்துப் பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் அவில் போன்ற பழைய ரக மாத்திரைகள் இந்த வயதில் மந்தத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கும், சிறுநீரையும் அடைக்கும். அப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பரிசோதனைக்குத் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். புறநோயாளிப் பிரிவு காலையில் என்பதால் வெள்ளி இரவே ஊர் வந்து சனிக்கிழமையோ, ஒரு திங்கள் விடுப்பு போட்டோ திட்டமிடுங்கள். காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை வரைபடத்தோடு, சொற்கள் எத்தனை சதவீதம் புரிகின்றன என்கிற சோதனையையும் கேட்டு வாங்குங்கள். காது கேட்கும் கருவி எவ்வளவு கைகொடுக்கும் என்று சொல்வது அந்த எண்தான். இரண்டில் நன்றாகக் கேட்கிற காதிலேயே கேள்விக் குறைவு 40 டெசிபெல்லைத் தாண்டிவிட்டால் கருவியைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

"எனக்கெதுக்கும்மா மிசினு, இன்னும் எத்தன நாளைக்கு" என்பார். காதைப் பற்றி வாதாடாதீர்கள். "எனக்கு உங்ககூடப் பேசணும் தாத்தா, அதுக்குத்தான்" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் சொன்னால் அதட்டலாகத் தெரிவது பேத்தி சொன்னால் தெரியாது. உங்களுக்கு இருக்கும் இந்தச் சலுகையை இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் செலவழியுங்கள். உப்பு, பீடி, சட்டைக் கிழிசல் என்று எல்லாவற்றுக்கும் எடுத்தால் தீர்ந்துபோகும்.

கருவி வாங்கும்போது காதுக்குள் ஒளியும் குட்டி ரகம் வேண்டாம். 84 வயது விரல்களுக்கு அது பிடிபடாது. காதுக்குப் பின்னால் மாட்டும் ரகம், அவர் காதை அச்செடுத்துச் செய்த பிடியோடு. சிவப்புக் குறி வலது காது, நீலக் குறி இடது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வரும் "ஒலிபெருக்கி" எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகத் தூக்கிக் கொடுக்கும். பாத்திரம் விழுந்தால் தூக்கிவாரிப்போடும், ஒரே நாளில் டிராயருக்குள் போய்விடும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாத மூத்த குடிமக்களுக்கு 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் கருவி இலவசம். முகாம் எப்போது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வாங்கியதும் முதல் வாரம் தினம் ஒன்றிரண்டு மணி நேரம், அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும். பிறகு மெல்லக் கூட்டுங்கள். முதல் நாளே கல்யாண மண்டபத்துக்கு மாட்டிக்கொண்டு போனவர்கள் மறுபடி அதைத் தொடமாட்டார்கள். பல வருடம் எட்டாத ஓசைகளுக்கு மூளை பழகச் சில வாரம் ஆகும்; அதற்குள் இரண்டு மூன்று தடவை கருவியைத் திருத்தி அமைக்க வேண்டியிருக்கும். இதை வாங்கும்போதே பேசிவிடுங்கள். பேட்டரியின் ஒட்டுத்தாளைப் பிரித்தபின் ஓரிரு நிமிடம் காற்றாட வைத்துவிட்டுப் போட வேண்டும்; பிரித்ததை மறுபடி ஒட்டினாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட டப்பாவில் வைக்கட்டும். விசில் அடித்தால் பிடி சரியாக உட்காரவில்லை, அல்லது குறும்பி அடைத்திருக்கிறது.

கருவி வரும் வரையிலும் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரத்தை உடைத்து, வாரம் நான்கு நாள், எட்டு நிமிடம், காலைப் பலகாரத்துக்குப் பிறகு ஒரே நேரத்தில் வையுங்கள். சித்தப்பா பையனின் போனில் வாட்ஸாப் வீடியோ. அதில் உச்ச ஸ்தாயி ஒலியும் பொதுவாகக் கூடுதலாக வரும், உங்கள் வாயும் தெரியும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் அவருக்குக் கரிய உருவம்தான் தெரியும். கத்தாதீர்கள். கத்தினால் ஸ்தாயி ஏறும், சொல் சிதையும், கோபமாகவும் கேட்கும். குரலைத் தாழ்த்தி, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திப் பேசுங்கள். விளங்காததை அதே சொல்லில் மூன்று முறை சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள்: "சாப்டீங்களா" எட்டவில்லை என்றால் "காலையில இட்லியா, தோசையா?"

எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பேச்சு எதைப் பற்றியது என்று தெரிந்த காது மீதியை ஊகித்துக்கொள்ளும். "தாத்தா, தண்ணியப் பத்திக் கேக்குறேன். மேட்டூர்ல ஜூன் 12 தொறந்தா பாமணி ஆத்துக்கு எத்தன நாள்ல வரும்?" மாத்திரை போட்டீர்களா, மோஷன் போனீர்களா என்ற விசாரணையைச் சித்தியிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாததைக் கேட்டால்தான் அவர் பேசுவார், நீங்கள் கேட்பீர்கள். அவர் காதுக்கு அதில் வேலையும் குறைவு.

கருவி மாட்டிய பிறகு வரும் முதல் போனில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பழக்கத்தில் போனைக் காதுத் துளைக்கு நேரே வைப்பார்கள். இந்த ரகத்தில் ஒலியை வாங்கும் மைக் காதுக்குப் பின்னால், மேலே இருக்கிறது. அங்கே கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். அதுவும் சிரமம் என்றால் ஸ்பீக்கரைப் போட்டு, ஒரு சொம்பில் சாய்த்து எதிரே வைத்துவிடச் சித்தப்பா பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.