கைவிலங்கு போட்ட பின்னும் அடித்தார்கள்: முறைப்பாடு செய்ய உரிமை உண்டா?

கேள்வி: நாங்கள் கொழும்பு மட்டக்குளியில் வசிக்கிறோம். என் தம்பி சில வருடங்களாக அங்கொடையில் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தான். அண்மையில் மருந்தை நிறுத்திவிட்டான். பதினேழு நாட்களுக்கு முன் கத்தியுடன் வீதியில் இறங்கி, கண்ணில் பட்ட நான்கு பேரை வெட்டிவிட்டான். நால்வரும் உயிர் தப்பிவிட்டார்கள். பொலிசார் வந்தபோது அவன் கத்தியோடு ஆட்கள் நிறைந்த ஒரு கடைக்குள் ஓட முயன்றான், காலில் சுட்டார்கள். அவன் கத்தியைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தான். கைவிலங்கு மாட்டிய பிறகும் பொல்லாலும் சப்பாத்துக் காலாலும் அடித்ததை அயலவர் ஒருவர் கைத்தொலைபேசியில் பதிவு செய்திருக்கிறார். இப்போது தம்பி விலா எலும்பு முறிந்து, தேசிய வைத்தியசாலையில் காவலின் கீழ் இருக்கிறான். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் ஒன்றில் என்னிடம் கையொப்பம் கேட்கிறார்கள். 'நாலு பேரை வெட்டினவனுக்கு என்ன நியாயம்' என்று அயலில் எல்லோரும் கேட்கிறார்கள். முறைப்பாடு செய்ய எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உரிமை உண்டு. ஆனால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மீறல் மனு, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட வேண்டும். உங்களிடம் இரண்டு வாரம்கூட மீதமில்லை. தம்பி நேரில் வர வேண்டியதில்லை. அவர் சார்பில் ஒரு சட்டத்தரணி மனுவைத் தாக்கல் செய்யலாம். பண வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். இதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறைப்பாடு செய்யுங்கள். அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேர்க்கப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை உண்மையாகவே நடைபெறுவதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கண்டிப்பாகக் கூறியிருப்பதால், அந்தப் பிரிவை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

இனி, நடந்ததை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். காலில் சுட்டது ஒன்று. கைவிலங்கு மாட்டிய பின் அடித்தது வேறொன்று.

முதலாவதில் உங்களுக்கு நம்பிக்கை தர என்னால் முடியவில்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆவது பிரிவு, கைதாவதைப் பலாத்காரமாக எதிர்ப்பவரைப் பிடிப்பதற்கு நியாயமாகத் தேவைப்படும் வழிகளைக் கையாளப் பொலிசாருக்கு இடமளிக்கிறது. ஆனால் மரண தண்டனைக்குரிய குற்றம் சுமத்தப்படாத ஒருவரைக் கைது செய்வதற்காகக் கொல்லும் உரிமையைத் தரவில்லை. நால்வரும் உயிர் தப்பியதால் உங்கள் தம்பி மீது அத்தகைய குற்றச்சாட்டு எழாது. எனினும் தண்டனைச் சட்டக்கோவையின் தற்காப்பு விதிகள் தனியாக நிற்கின்றன. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலைக் காக்கவும் எவருக்கும் உரிமை உண்டு. மரணமோ கடுங்காயமோ விளையும் என்ற நியாயமான அச்சம் இருக்கும்போது அந்த உரிமை தாக்குபவரின் உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட நீளும். நான்கு பேரை வெட்டிய கையில் கத்தி இருக்க, ஆட்கள் நிறைந்த கடையை நோக்கி ஓடுபவரைக் காலில் சுட்டதைச் சட்டவிரோதம் என்று நீதிமன்றம் ஏற்பது கடினம். அந்த வாதத்தை முன்வைத்தால் மனுவின் வலிமையான பகுதிதான் பலவீனப்படும்.

கத்தி கீழே விழுந்த கணத்தில் நிலைமை முற்றாக மாறுகிறது. தேவைக்கு மிஞ்சிய தீங்கைத் தற்காப்பு உரிமை ஒருபோதும் அனுமதிப்பதில்லை. ஆபத்து நீங்கியதும் அந்த உரிமையும் முடிந்துவிடுகிறது. கைதானவரைத் தப்பியோடாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்பதும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்வதே. குப்புறக் கிடப்பவர் மீது விழும் அடி எவரையும் காப்பாற்றுவதில்லை. அது தண்டனை, தண்டனை விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. சித்திரவதையையும் கொடூரமான, மனிதாபிமானமற்ற அல்லது இழிவான நடத்துகையையும் தடைசெய்யும் 11ஆவது உறுப்புரைக்கு அரசியலமைப்பில் எந்த விதிவிலக்கும் கிடையாது. தேசிய பாதுகாப்பின் பெயராலும் அதை மட்டுப்படுத்த முடியாது. சர்வசன வாக்கெடுப்பு இன்றி அதை மாற்றவும் முடியாது. சித்திரவதை நிரூபிக்கப்பட்டால் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குறைந்தது 7 வருடச் சிறை. அடிபட்டவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே அந்த விதிகளில் இல்லை. உங்கள் அயலவருக்கும் இதையே சொல்லுங்கள்.

பொலிசாரின் அச்சத்தையும் நான் சிறிதாக எண்ணவில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று தெமட்டகொடையில் ஒரு வீட்டைச் சோதனையிடப் போன மூன்று பொலிஸ் உத்தியோகத்தர்கள் குண்டுவெடிப்பில் உயிரிழந்ததை இந்த நகரம் மறக்கவில்லை. உடலில் குண்டு கட்டியிருக்கலாம் என்று நியாயமாகச் சந்தேகிக்கப்படுபவர் கீழே விழுந்த பின்னும் ஆபத்தானவராகவே இருக்கலாம். அங்கே அளவுகோல் வேறு. கைவிலங்குடன் கிடந்த உங்கள் தம்பியின் விடயத்தில் அப்படியொரு சந்தேகம் எவருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை.

பலரைத் தாக்கியவரை உயிரோடு, அடிக்காமல் பிடிப்பது நடக்காத காரியம் என்று வாதிடுவார்கள். 2018 ஏப்ரலில் டொரொன்டோவில் வாகனத்தை மக்கள் மீது ஏற்றிப் பத்துப் பேரைக் கொன்றவன், கையிலிருந்த பொருளைத் துப்பாக்கி போல் நீட்டி, தன்னைச் சுடும்படி கத்தினான். எதிரே தனியாக நின்ற கென் லாம் என்ற பொலிஸ் உத்தியோகத்தர், தன் குரல் கேட்பதற்காக வாகனத்தின் சைரனை நிறுத்தினார். அது துப்பாக்கியல்ல என்று கணித்துத் தன் துப்பாக்கியை உறையிலிட்டுப் பொல்லை எடுத்தார். ஒரு வேட்டும் தீர்க்காமல் அவனைக் கைது செய்தார். 2021இல் நீதிமன்றம் அவனைக் குற்றவாளியாகக் கண்டது. அதற்கும் முன்பு, 2008 நவம்பரில் மும்பையில், வெறும் பொல்லுடன் நின்ற உதவி உப பரிசோதகர் துக்காராம் ஓம்ப்ளே, நகரைத் தாக்கிய ஆயுததாரிகளில் ஒருவனான கசாப்பின் துப்பாக்கிக் குழலை இறுகப் பற்றியபடியே குண்டுகளை வாங்கி இறந்தார். அவருடைய சகாக்கள் கசாப்பை உயிரோடு பிடித்தார்கள். அதனால்தான் விசாரணையும், வழக்கும், சதி எங்கே திட்டமிடப்பட்டது என்ற உண்மையும் உலகுக்குக் கிடைத்தன. அப்படி உயிரைக் கொடுக்கும்படி எந்தச் சட்டமும் பொலிசாரைக் கேட்கவில்லை. விலங்கிட்ட பின் கையை நிறுத்துங்கள் என்று மட்டுமே கேட்கிறது.

ஆகவே உங்கள் வழக்கின் உயிர்நாடி, கத்தி விழுந்தது எப்போது, விலங்கு பூட்டியது எப்போது, அடி விழுந்தது எப்போது என்ற வரிசைதான். அயலவரின் காணொளியை அதே தொலைபேசியில், வெட்டாமல், சுருக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்; வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி மூலப் பிரதிக்கு ஈடாகாது. பேஸ்புக்கில் போட வேண்டாம். பக்கத்துக் கடைகளின் சிசிடிவி பதிவுகள் தாமாகவே அழிந்துவிடுவதால், அவற்றைப் பாதுகாக்கும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் தம்பியைப் பரிசோதிக்கக் கட்டளையிடுமாறு சட்டத்தரணி மூலம் நீதவானிடம் விண்ணப்பியுங்கள். விலா முறிவு விழுந்ததால் ஏற்பட்டதா, பொல்லடியால் ஏற்பட்டதா என்பதற்கு அந்த அறிக்கைதான் மிகுந்த பெறுமதி உள்ள சாட்சியமாக அமையும்.

உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட எதிலும் கையொப்பமிட வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி; உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேட்பது உங்கள் உரிமை. ஏற்கனவே கையொப்பமிட்டிருந்தால், அதில் என்ன எழுதப்பட்டிருந்தது என்று உங்களுக்கு வாசித்து விளக்கப்படவில்லை என்பதைச் சத்தியக் கடதாசியில் உடனே பதிவு செய்யுங்கள்.

தம்பி மீதான குற்ற வழக்கு இவற்றால் மறைந்துவிடாது. கொலை முயற்சிக் குற்றச்சாட்டு வரலாம். சித்த சுவாதீனமின்மையால் தன் செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாதிருந்தவரின் செயல் குற்றமாகாது என்று தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆவது பிரிவு கூறுகிறது. நோய் இருந்தது என்று சொல்வது போதாது. அந்த நேரத்தில் அவர் மனநிலை எப்படி இருந்தது என்பதை நிரூபிக்கும் சுமை அவர் பக்கமே இருக்கும். அங்கொடை சிகிச்சை அட்டைகளையும், மருந்து எப்போது நிறுத்தப்பட்டது என்ற விபரத்தையும் சட்டத்தரணியிடம் ஒப்படையுங்கள்.

காயப்பட்ட நால்வரையும் போய்ப் பார்க்கலாம். பார்க்கவும் வேண்டும் என்பது என் கருத்து. அவர்கள் நலம் விசாரியுங்கள். ஆனால் வாக்குமூலத்தைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்; குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது சாட்சியில் தலையிடுவதாகக் கருதப்படலாம். நட்டஈடு கொடுக்க உங்கள் குடும்பம் விரும்பினால், அதை அவர்களிடம் நேரில் சொல்லாமல், சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்திலேயே தெரிவியுங்கள்.