மைமோனிடிஸ்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

12ஆம் நூற்றாண்டு யூத மெய்யியலாளர் மோசே பென் மைமோன் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மேற்கே மைமோனிடிஸ், அரபியில் மூசா இப்னு மைமூன், எல்லாம் இவர்தான்.

யூதப் பகுத்தறிவாளர் என்றாலே ஸ்பினோசாதானே? இவர் கடவுளை நம்பிய ரப்பி, அதாவது யூத மதகுரு. இவரை எப்படி அந்தக் கணக்கில் சேர்ப்பது?

நம்ம ஊரில் பகுத்தறிவாளர் என்றதும் கறுப்புச் சட்டை ஞாபகம் வருவதால் எழும் கேள்வி இது. 17ஆம் நூற்றாண்டு மெய்யியலாளரான ஸ்பினோசா 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகத்தால் விலக்கி வைக்கப்பட்டவர். வெளியே நின்று கேள்வி கேட்டார். மைமோனிடிஸ் சமூகத்தின் உள்ளே, அதன் தலைமையிலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டார். என்னைக் கேட்டால் இதுதான் கடினமான இடம். ஸ்பினோசாவுக்கே இவரைத் தாண்டாமல் போக முடியவில்லை. 1670இல் வெளிவந்த தன் 'இறையியல்-அரசியல் ஆய்வு' நூலின் ஏழாம் அத்தியாயத்தில் இவரோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்கிறார்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? மன்னரின் ஆதரவில் வசதியாக வாழ்ந்தவர் என்று படித்தேன்.

வசதி எல்லாம் பிற்பாடு. பிறந்தது ஸ்பெயினின் கோர்டோபா. பழைய நூல்களில் 1135 என்றிருக்கும். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் 1138 என்கிறார்கள். அப்பா மைமோன் யூத நீதிமன்ற நடுவர். 1148இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அல்மொஹாதுகள் என்ற முஸ்லிம் ஆட்சியாளர்கள் ஊரைப் பிடித்தார்கள். யூதர்களும் கிறிஸ்தவர்களும் மதம் மாற வேண்டும், இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டும் என்ற நிலை. பல ஆண்டுகள் அலைந்த குடும்பம் 1160 வாக்கில் மொராக்கோவின் ஃபெஸ் நகருக்கு வந்து சேர்ந்தது. அங்கும் அதே அல்மொஹாது ஆட்சிதான்! அங்கே அவர்கள் வெளிக்கு முஸ்லிம்களாக நடந்துகொண்டார்களா என்பது இன்றும் ஓயாத சர்ச்சை. 1165இல் கப்பலேறிப் பாலஸ்தீனக் கரையில் இருக்கும் ஆக்ரே போனார்கள். அடுத்து எகிப்து. கெய்ரோவை ஒட்டிய ஃபுஸ்தாத்தில் நிலைகொண்டார்கள். இத்தனை ஓட்டத்துக்கும் நடுவில் மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்புக்கு ஒரு முழு உரை எழுதி 1168இல் முடித்திருக்கிறார். நடுக்கடலிலும் வழியிலும் எழுதியவை அதில் இருப்பதாக அவரே குறிப்பிடுகிறார்.

கட்டாய மதமாற்றம் பற்றி அவர் எழுதிய கடிதத்தைத் தவறவிடாதீர்கள். மாறியவர்களின் தொழுகை செல்லாது என்று ஓர் அறிஞர் தீர்ப்பு எழுதியிருந்தார். அவர் மேல் இவருக்குக் கோபம் பொங்குகிறது. இவர் சொன்னது இதுதான்: கேட்பது வாய்வார்த்தை மட்டும்தான், சொல்லி உயிர் பிழைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் அந்த நாட்டை விட்டுக் கிளம்புங்கள்.

தம்பி ஒருவர் இந்தியப் பயணத்தில் இறந்தாராமே? தமிழகக் கரைக்கு வந்தாரா?

தம்பி பெயர் தாவீது. ரத்தின வணிகர். அவர் எழுதிய கடைசிக் கடிதங்களில் ஒன்று கெய்ரோ கெனிசாவில் கிடைத்தது. பழைய தொழுகைக்கூடத்தில் எழுத்துத் தாள்களை எறியாமல் குவித்து வைத்த அறை அது. செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து அண்ணனுக்கு எழுதுகிறார். பாலைவனத்தில் வணிகக் கூட்டத்தைப் பிரிந்து ஆபத்தில் மாட்டித் தப்பி வந்தேன், இங்கே வாங்கத் தக்க சரக்கு ஒன்றும் இல்லை, அதனால் இந்தியாவுக்கே கப்பலேறப் போகிறேன், கவலைப்படாதீர்கள் என்று. போய்ச் சேரவில்லை. இந்தியக் கடலில் மூழ்கிவிட்டார். எந்தத் துறைமுகத்தை நோக்கிப் போனார் என்று கடிதத்தில் இல்லை. அன்றைய யூத வணிகர்கள் மிகுதியாக வந்தது மலபார்க் கரைக்கு. ஆபிரகாம் பென் யிஜு என்பவர் அதே நூற்றாண்டில் மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி வெண்கலப் பட்டறை நடத்தியதும் கெனிசா தாள்களில் இருக்கிறது.

தாவீதோடு குடும்பத்தின் பணமும் பிறர் பணமும் போயிற்று. மனைவியும் சிறு மகளும் அண்ணன் பொறுப்பில் வந்தார்கள். மைமோனிடிஸ் ஏறக்குறைய ஓராண்டு காய்ச்சலும் மனக்கலக்கமுமாகப் படுக்கையில் கிடந்தார். எட்டு ஆண்டு கழித்து ஆக்ரேவில் இருந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அவன் கையெழுத்தைப் பார்த்தால் இன்னும் நெஞ்சு புரள்கிறது என்கிறார். என் மடியில் வளர்ந்தவன், என் மாணவன், அவன் சந்தையில் சம்பாதித்தான், நான் நிம்மதியாக உட்கார்ந்து படித்தேன் என்கிறார்.

மருத்துவத்தைப் பிழைப்பாக்கிக்கொண்டது இதற்குப் பிறகுதான். யூத வேதமான தோராவைக் கற்பித்துச் சம்பளம் வாங்குவது அவர் கொள்கைக்கு விரோதம். வேலை செய்யாமல் தோரா படித்துக்கொண்டு தர்மப் பணத்தில் வயிறு வளர்ப்பவன் கடவுளின் பெயரைக் கெடுக்கிறான் என்று 'மிஷ்னே தோரா' என்ற தன் சட்டநூலிலேயே எழுதி வைத்தவர். அந்த விதிக்கு விலை கொடுக்க வேண்டிய முறை அவருக்கே வந்தது.

நான் மருத்துவம் படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் 'மைமோனிடிஸ் மருத்துவர் பிரார்த்தனை' சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அது அவர் எழுதியதா?

இல்லை தம்பி. அது 1783இல் ஜெர்மன் மொழியில் அச்சில் வந்தது. மார்கஸ் ஹெர்ட்ஸ் என்ற பெர்லின் மருத்துவர் எழுதியிருக்கலாம் என்பார்கள். நல்ல எழுத்துதான், மாட்டியிருப்பதில் தப்பில்லை. அசல் வேண்டுமானால் அவருடைய ஆஸ்துமா நூலைப் படியுங்கள். மருந்தைவிட உணவு, காற்று, உறக்கம், மனநிலை பற்றித்தான் அதில் அதிகம். கோழி சூப்பும் உண்டு. பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனை அவர் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. தன் 'மருத்துவ சூத்திரங்கள்' நூலின் 25ஆம் அத்தியாயத்தில் கேலன் தனக்குத்தானே முரண்படும் இடங்களை வரிசையாகக் காட்டுகிறார்.

அவருடைய அன்றாடம் எப்படி இருந்தது என்பதற்கு 1199இல் மொழிபெயர்ப்பாளர் சாமுவேல் இப்னு திப்போனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. காலையில் கெய்ரோ அரண்மனைக்குப் போக வேண்டும். அங்கே யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பொழுது அங்கேயே போய்விடும். பசியோடு வீடு திரும்பினால் யூதர், பிறர், பெரிய மனிதர், ஏழை என்று முன்கூடம் நிறைய ஆள். அவர்களிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு ஒரு வாய் சாப்பிடுவார், நாளுக்கு அந்த ஒரு வேளைதான். இருட்டிய பிறகும் நோயாளிகள். களைப்பில் படுத்தபடியே மருந்து சொல்வார். இவ்வளவையும் சொல்லி, வா, ஆனால் ஒரு மணி நேரம் தனியாகப் பேசலாம் என்று எதிர்பார்க்காதே என்கிறார். 'கலங்கியோர் வழிகாட்டி' நூலின் சிக்கலான இடங்களைப் பேசித் தெளியக் கடல் கடந்து வர ஆசைப்பட்ட மனிதருக்கு!

'கலங்கியோர் வழிகாட்டி'யில் அப்படி என்ன இருக்கிறது? இரண்டு முறை தொடங்கி விட்டுவிட்டேன்.

1190 வாக்கில் முடிந்த நூல். அரபு மொழி, எபிரேய எழுத்து. யோசேப்பு பென் யூதா என்ற மாணவருக்கு எழுதுவதாக அமைப்பு. வேதமும் படித்து அரிஸ்டாட்டிலும் படித்து, கடவுளுக்குக் கை, கண், கோபம் எல்லாம் உண்டா என்று திகைத்து நிற்பவர்களுக்கானது. அவர் பதில் கறாரானது. கடவுளைப் பற்றி இன்னது என்று எதையும் சொல்ல முடியாது, இன்னது அல்ல என்று மட்டுமே சொல்லலாம். புகழ்மாலைகளை அடுக்குவதுகூட அவருக்கு உறுத்தும்.

எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் இரண்டாம் பாகம், 25ஆம் அத்தியாயம். உலகம் என்றென்றும் இருந்து வருவது என்றார் அரிஸ்டாட்டில். படைக்கப்பட்டது என்கிறது வேதம். மைமோனிடிஸ் வேதத்தின் பக்கம்தான். ஆனால் வேதம் சொல்கிறது என்பதற்காக அல்ல. கடவுளுக்கு உடல் இல்லை என்று தெளிந்ததும், உடல் உண்டு என்பது போன்ற வசனங்களுக்கு வேறு பொருள் சொல்லிவிட்டோம். உலகம் தொடக்கமற்றது என்று நிரூபணம் வந்தால் படைப்பைச் சொல்லும் வசனங்களுக்கும் அப்படிச் செய்யலாம், அதற்கான வாசல் அடைபடவில்லை என்கிறார். அரிஸ்டாட்டில் நிரூபிக்கவில்லை, அதனால் வேதத்தை அப்படியே கொள்கிறேன், அவ்வளவுதான். வேறொரு காரணத்தையும் சேர்க்கிறார்: அரிஸ்டாட்டிலின் கொள்கையை ஏற்றால் அற்புதமும் வேதமும் அடியோடு சரியும். இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்ததால்தான் எண்ணூறு ஆண்டுகளாக இவர் உண்மையில் எதை நம்பினார் என்று அடித்துக்கொள்கிறார்கள். வேண்டுமென்றே சில முரண்களை வைத்திருப்பேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டவர் வேறு!

ஜோதிடம் பற்றி?

முட்டாள்தனம் என்றார், சுற்றி வளைக்காமல். தெற்கு பிரான்சு ரப்பிகள் கேட்டதற்கு எழுதிய பதிலில், அரபியில் கிடைத்த ஜோதிட நூல்களை எல்லாம் படித்துவிட்டே சொல்கிறேன் என்கிறார். ஒன்றை ஏற்க மூன்று வழிதான்: அறிவின் நிரூபணம், புலன்கள், தீர்க்கதரிசிகளும் சான்றோரும் சொன்னது. புத்தகத்தில் அச்சாகிவிட்டால் உண்மை என்று நம்பும் இன்றைய ஆட்களுக்கும் அந்தக் கடிதம் பொருந்தும். அன்று அச்சு இல்லை, அவர் சொன்னது ஏடுகளை.

குறையே இல்லாதவரா? எல்லாரும் புகழ்ந்தே எழுதுகிறார்கள்.

உண்டு, சின்னக் குறையும் அல்ல. 'வழிகாட்டி'யின் மூன்றாம் பாகம் 51ஆம் அத்தியாயத்தில் தூர வடக்கின் துருக்கியரையும் தெற்கின் கறுப்பின மக்களையும் மனிதருக்குக் கீழே, குரங்குக்கு மேலே என்று வைக்கிறார். கடமை செய்யாத மனைவியைக் கோலால் அடித்தாவது செய்ய வைக்கலாம் என்று சட்டநூலில் எழுதினார். அதே காலத்தில் அவரை மறுத்த ரப்பி, போஸ்கியேரின் ஆபிரகாம் பென் தாவீது, பெண்களை அடிப்பதைப் பற்றித் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று ஓரக்குறிப்பு எழுதினார். அந்தக் காலத்து ஆள் என்று சமாதானம் சொல்ல முடியாததற்கு அந்த ஒரு வரி போதும்.

அவர் நூலை யூதர்களே எரித்தார்களா?

1230களில் மோன்பெல்லியேவில் எதிர்ப்பாளர்கள் கிளம்பினார்கள். நூலை நெருப்பிலிட்டது திருச்சபை அதிகாரிகள். காட்டிக்கொடுத்தது யூதர்களே என்பது அன்றைய குற்றச்சாட்டு. 1242இல் பாரிஸில் யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத்தே வண்டி வண்டியாக எரிக்கப்பட்டபோது, அன்று எதிர்த்து நின்றவர்களில் ஒருவரான ஜெரோனாவின் யோனா மனம் வருந்தியதாகச் சொல்வார்கள்.

இப்போது நிலைமை நேர்மாறு. அவர் வகுத்த 13 நம்பிக்கைக் கோட்பாடுகள் 'யிக்தால்' என்ற பாட்டாகித் தொழுகையில் பாடப்படுகின்றன. அவருடைய 14 பகுதிச் சட்டநூலான 'மிஷ்னே தோரா'வை தினமும் கொஞ்சம் படிக்கும் முறை 1984இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. 13ஆம் நூற்றாண்டு கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 'ரப்பி மோசே' என்று பெயர் சொல்லி மேற்கோள் காட்டுகிறார். 1204இல் இறந்தார். கல்லறை திபேரியாவில் என்பது மரபு. கடவுளுக்கு உருவமே இல்லை என்று வாதிட்ட அந்த மனிதரின் கல்லறையில் இன்று மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள்.

தொடங்குபவர் எதைப் படிக்கலாம்?

முதலில் கடிதங்கள். பிறகு மிஷ்னா உரையில் வரும் அறநெறிப் பகுதியான 'எட்டு அத்தியாயங்கள்', ஒரு மாலையில் முடியும். 'மிஷ்னே தோரா'வில் கொடை பற்றிய எட்டுப் படிகளையும் பாருங்கள். உச்சப் படி பிச்சை போடுவதல்ல, கடனோ வேலையோ கூட்டுத் தொழிலோ கொடுத்து ஒருவரை நிற்க வைப்பது. 'வழிகாட்டி'க்கு ஷ்லோமோ பைன்ஸின் 1963 ஆங்கில மொழிபெயர்ப்பு நல்லது. முதல் பாகத்தின் தொடக்க அத்தியாயங்கள் வேதச் சொற்களுக்கு விளக்கமாகவே போகும். அங்கேதான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 50க்குத் தாவுங்கள், 60 வரை படியுங்கள், பிறகு இரண்டாம் பாகத்தின் அந்த 25ஆம் அத்தியாயம். ஒரு சொல்லையும் தாண்டாமல் படி என்று முன்னுரையில் அவர் கேட்டிருக்கிறார், அவருக்கு இந்த யோசனை பிடிக்காது.